வெண்டிலேட்டர் நோயாளியின் நுரையீரற் பரிசோதனை

கடுமையான நுரையீரல் சேதத்தினால் சுவாசத்தை இயந்திரத்தின் பொறுப்பில் விட்டுக் கிடக்கும் நோயாளியை, படுக்கையைவிட்டு நகர்த்தாமலே ஆராய்ந்து, நுரையீரலின் எந்தப் பகுதியில் காற்று உலாவுகிறது, எதில் நீர் ஊறியிருக்கிறது, எது முற்றிலும் காற்றிழந்துவிட்டது என்று வைத்தியர் நிர்ணயிக்கும் முறைகள் இத்தலைப்பில் அடங்கும். நிமோனியாவோ, ரத்தத்தில் பரவிய கிருமித்தொற்றோ, பெருங்காயமோ காரணமாக நுண்ணறைகளின் மெல்லிய சுவர் கசிந்து, காற்றுக்குரிய இடத்தை நீர் பிடித்துக்கொள்வதே இந்நோயின் ஸ்வரூபம். 1967-இல் வைத்தியர் ஆஷ்பாவும் அவருடைய சகாக்களும் 12 நோயாளிகளைக் கொண்டு இதனை வர்ணித்தார்கள்.

எக்ஸ்ரே படத்தில் மார்பின் இருபுறமும் வெளுத்துத் தெரிந்தமையால், நோய் எங்கும் ஒரே சீராகப் பரவியிருப்பதாக நெடுநாள் கருதப்பட்டது. 1980-களில் இத்தாலியரான கத்தினோனி சி.டி. ஸ்கேன் படங்களை ஆராய்ந்து, மல்லாந்து கிடப்பவரின் நுரையீரல் முதுகுப்புறத்தில் தன் கனத்தினாலேயே நசுங்கியும், மார்புப்புறத்தில் ஓரளவு காற்றோட்டத்தோடும் இருப்பதைக் காட்டிய பிறகே, இயந்திரம் செலுத்தும் காற்று முழுவதையும் ஒரு குழந்தையின் நுரையீரல் அளவேயுள்ள எஞ்சிய பகுதிதான் தாங்குகிறது என்பது விளங்கியது. ஆகவே நுரையீரல் எப்படி இருக்கிறது என்று பொதுவாகக் கேட்பதில் பயனில்லை. எந்த இடத்தில் எப்படி என்றே கேட்கவேண்டும். இதற்குச் சி.டி. ஸ்கேன் சிறந்த சாதனமெனினும், குழாய்களும் மருந்து பம்புகளும் பின்தொடர, பிராணவாயு குறைந்து தவிப்பவரை ஸ்கேன் அறைவரை தள்ளிச்செல்வது அபாயகரமானது.

ஆகவே படுக்கையருகிலேயே சோதிக்கவேண்டியிருக்கிறது. அதற்கு 1816-இல் பாரிஸ் நகரத்து நெக்கர் ஆஸ்பத்திரியில் லேனெக் கண்ட ஸ்டெதஸ்கோப்பை அலட்சியம் செய்வது தவறு; சுவாசக் குழாய் நழுவி ஒரு பக்கத்து நுரையீரலுக்கே காற்று போகிறதா, மூச்சுக்குழல் சுருங்கி இரைகிறதா என்பதைக் கணத்தில் உணர்த்துவது அதுதான். ஆயினும் அதன் எல்லை குறுகியது. பிரெஞ்சு வைத்தியரான லிக்டென்ஸ்டைனும் சகாக்களும் 2004-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், 32 நோயாளிகளின் மார்பை ஆளுக்கு 12 பகுதிகளாகப் பிரித்து, சி.டி. ஸ்கேனை உரைகல்லாக வைத்துச் சோதித்தபோது, இறுகிப்போன பகுதிகளைக் காது 36 சதவீதமும், எக்ஸ்ரே 75 சதவீதமும், அல்ட்ராசவுண்ட் 97 சதவீதமும் சரியாக நிர்ணயித்தன. நுரையீரல் உறைக்குள் நீர் கோத்திருப்பதை அறிவதிலோ, எக்ஸ்ரே 47 சதவீதத்தோடு காதுக்கும் பின்தங்கிவிட்டது.

அல்ட்ராசவுண்ட் கருவியின் கூழ் தடவிய ஆய்வுமுனையை இரு விலாவெலும்புகளுக்கிடையே பதித்தால், எலும்புகளின் கரிய நிழல்களுக்கு நடுவே பளிச்சென்ற வெண்கோடொன்று மூச்சுக்கு மூச்சு முன்னும் பின்னுமாக வழுக்குவதைத் திரையில் காணலாம். நுரையீரல் உறையின் கோடு அது. காற்று நிறைந்த இடத்தில் அதன் பிரதிபிம்பங்கள் சம இடைவெளியில் படிகளைப்போல் கிடையாக அடுக்கிநிற்கும். இவை ஏ கோடுகள். நீர் ஊறிய இடத்தில் வெண்கோட்டிலிருந்து ஒளிக்கற்றைகள் செங்குத்தாக, திரையின் அடிவரை மங்காமல் இறங்கும். இவை பி கோடுகள். நீர் மிகமிக அவை நெருங்கி ஒன்றாகிவிடும். முற்றிலும் காற்றிழந்த நுரையீரலோ கல்லீரலைப்போலத் திடமாகவே தோன்றும். இருதயம் தளர்ந்து நீர் கோத்தாலும் பி கோடுகள் தோன்றுமாயினும், அங்கே வெண்கோடு வழவழப்பாக இருக்கும். இந்நோயிலோ அது கரடுமுரடாகி, இடையிடையே நோய் தீண்டாத பகுதிகளும் தென்படும்.

அல்ட்ராசவுண்டுக்கும் குறைகள் உண்டு. தோலுக்கடியில் காற்று புகுந்திருந்தால் ஒலியலை உள்ளே செல்லாது. அதனினும் பெரிய குறை, அளவுக்கு மீறி விரிந்த பகுதியும் நல்ல பகுதியும் இக்கருவிக்கு ஒன்றுபோலவே தெரிவது. அந்த மிகைவிரிவை வெண்டிலேட்டரில்தான் தேடவேண்டும். மூச்சு உள்ளே சென்றதும் காற்றோட்டத்தைக் கணநேரம் நிறுத்தி அளக்கும் அழுத்தம் 30 செ.மீ. நீரளவைத் தாண்டாமல் காப்பது வழக்கம். இவ்வரம்போடு, உயரத்துக்குரிய எடையில் கிலோவுக்கு 12 மி.லி. காற்றுக்குப் பதில் 6 மி.லி. செலுத்தியதில் மரணம் 39.8 சதவீதத்திலிருந்து 31 ஆகக் குறைந்ததென 2000-இல் அமெரிக்க ஆராய்ச்சி காட்டியது. மூச்சு வெளியேறிய பின் எஞ்சும் அழுத்தத்தை, காற்றோட்டத்தை நிறுத்தி அளந்த அழுத்தத்திலிருந்து கழித்தால் வரும் வித்தியாசம் இன்னும் நுட்பமான அளவு. எஞ்சும் அழுத்தத்தை உயர்த்தியபின் பி கோடுகள் குறைந்து இவ்வித்தியாசமும் இறங்கினால், மூடிய அறைகள் திறந்தன என்று கொள்ளலாம். கோடுகள் அப்படியே நிற்க வித்தியாசம் மட்டும் ஏறினால், அந்தக் குழந்தை நுரையீரலே மேலும் விரிக்கப்படுகிறது.