கோழிவலை ஆன்டெனாவும் பூட்டிய டிராக்டரும்

1975-ல் இலங்கையில் தொலைக்காட்சி நிலையம் என்று ஒன்று கிடையாது. முதல் ஒளிபரப்புக்கு இன்னும் நான்கு வருஷம் இருந்தது. ஆனால் கொழும்பில் ஒரு வீட்டில் மட்டும் டிவி ஓடியது. வீட்டுக்காரர் ஆர்தர் சி. கிளார்க். பூமியிலிருந்து சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் ஒரு செயற்கைக்கோளை நிறுத்தினால் அது வானில் ஒரே இடத்தில் நிற்பதுபோல இருக்கும், அதை வைத்து உலகம் முழுக்கச் செய்தி அனுப்பலாம் என்று 1945 அக்டோபரில் 'வயர்லெஸ் வேர்ல்டு' பத்திரிகையில் எழுதியவர். முப்பது வருஷம் கழித்து அந்த யோசனை அவர் வீட்டுக்கே வந்து சேர்ந்தது. இஸ்ரோ பொறியாளர்கள் ஆன்டெனா பொருத்திக் கொடுத்தார்கள். அதில் அவருக்குக் கிடைத்தது என்ன தெரியுமா? இந்தியக் கிராமத்து ஜனங்களுக்காக எடுக்கப்பட்ட உரம், பூச்சி, பிள்ளை வளர்ப்பு நிகழ்ச்சிகள்.

எனக்கு இந்தக் காட்சி ரொம்பப் பிடிக்கும். ஏனென்றால் இன்றைக்கு ஸ்டார்லிங்க், ட்ரோன், 'துல்லிய வேளாண்மை' என்று எங்கே பார்த்தாலும் பேச்சாக இருக்கிறது. கிராமத்துக்கு வானத்திலிருந்து இணையம் வரும், விவசாயி போனைப் பார்த்து எந்த மூலைக்கு எவ்வளவு உரம் என்று முடிவு செய்வார் என்கிறார்கள். எல்லாம் நேற்றுப் பிறந்த யோசனை மாதிரிதான் சொல்கிறார்கள். வயலையும் செயற்கைக்கோளையும் இணைக்கும் ஆசைக்கு நம்ம நாட்டிலேயே ஐம்பது வயசு தாண்டிவிட்டது. அந்தக் கதையைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரே கேள்விதான் வருகிறது. மேலே இருப்பது கீழே பேசுகிறது, சரி. கீழே இருப்பவர் மேலே பேச முடிந்ததா?

1967 ஜனவரி 26 அன்று டெல்லி தொலைக்காட்சியில் 'கிருஷி தர்ஷன்' தொடங்கியது. டெல்லியைச் சுற்றியுள்ள 80 கிராமங்களில் பொது டிவி பெட்டிகள் வைத்தார்கள். நகரத்திலேயே டிவி அபூர்வமாக இருந்த காலம். விக்ரம் சாராபாய் அங்கிருந்து ஒரே தாவாகத் தாவினார். கோபுரம் கோபுரமாகக் கட்டி நகரத்திலிருந்து மெல்லக் கிராமத்துக்குப் போவதைவிட, செயற்கைக்கோள் வழியாக நேராகக் கடைக்கோடிக் கிராமத்தில் இறங்கிவிடலாமே என்பது அவர் வாதம். 1969 செப்டம்பரில் நாசாவோடு ஒப்பந்தம் கையெழுத்தானது. 1971 டிசம்பர் 30 அன்று கோவளத்தில் சாராபாய் இறந்துபோனார். திட்டம் நடந்ததை அவர் பார்க்கவில்லை.

திட்டத்தின் பெயர் 'சைட்'. 1975 ஆகஸ்ட் 1 முதல் 1976 ஜூலை 31 வரை, சரியாக ஒரு வருஷம். ஏடிஎஸ்-6 என்ற அமெரிக்கச் செயற்கைக்கோளை இந்தியாவைப் பார்க்கும்படி நகர்த்திக் கொண்டுவந்தார்கள். ஆந்திரம், கர்நாடகம், ஒடிசா, பீகார், மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் என்று ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்கள். தமிழ்நாடு பட்டியலில் இல்லை. ஹைதராபாத்தின் இசிஐஎல் நிறுவனம் டிவி பெட்டிகளைச் செய்தது. ஆன்டெனா மூன்று மீட்டர் அகலம், அதைச் செய்தது கோழிக்கூண்டுக்கு அடிக்கிற கம்பிவலையில். ஆமாம், அதே வலைதான். ஏடிஎஸ்-6-ன் சொந்த ஆன்டெனா குடைபோல விரிந்து ஒன்பது மீட்டர் அகலம் இருந்ததால் கீழே இவ்வளவு மலிவான சமாச்சாரம் போதுமானதாக இருந்தது. செலவையெல்லாம் மேலே வைத்துக்கொண்டு கிராமத்துக்குச் சுலபமானதைக் கொடுத்த அந்தக் கணக்கு எனக்கு இன்றும் அழகாகத் தெரிகிறது.

காலையில் ஒன்றரை மணி நேரம் பள்ளிப் பிள்ளைகளுக்கு. சாயங்காலம் இரண்டரை மணி நேரம் பெரியவர்களுக்கு. அதில் விவசாயம், சுகாதாரம், செய்தி, கொஞ்சம் ஆட்டம் பாட்டு. மின்சாரம் இல்லாத ஊர்களில் பேட்டரி. ஊர் முழுக்கப் பள்ளிக்கூடத்து வாசலில் உட்கார்ந்து பார்த்தது. ஆராய்ச்சியாளர்கள் சில கிராமங்களில் மாதக்கணக்கில் தங்கி, யார் வருகிறார்கள், யார் எழுந்து போகிறார்கள் என்று குறிப்பெடுத்தார்கள்.

ஆனா ஒன்று. செயற்கைக்கோள் ஒரே ஒரு படத்தைத்தான் அனுப்பும். படத்துக்கு இரண்டு ஒலித்தடம் வைக்கலாம், தெலுங்குக்கு ஒன்று, கன்னடத்துக்கு ஒன்று. அதாவது கரிசலுக்கும் செம்மண்ணுக்கும், வாய்க்கால் பாசனத்துக்கும் மானாவாரிக்கும் ஒரே படம். துல்லியத்துக்கு நேர் எதிர்த் துருவம் இது. "எங்க ஊர்ல இந்த நெல் வராதே, வேற சொல்லுங்க" என்று திரையைப் பார்த்து ஒருவர் சொன்னால், அதை மேலே கொண்டுபோக வழியே கிடையாது.

அதே சமயத்தில் குஜராத்தின் கேடா மாவட்டத்தில், பிஜ் என்ற ஊரில், சின்னத் தரைவழி ஒளிபரப்பி ஒன்று இருந்தது. அகமதாபாத்தின் விண்வெளிப் பயன்பாட்டு மையம் அங்கே வேறு மாதிரி முயன்றது. உள்ளூர்ப் பேச்சு வழக்கிலேயே நிகழ்ச்சி, கிராமத்து ஜனங்களையே கலந்துகொள்ள வைத்து, அவர்களுடைய கூலிப் பிரச்சினை, சாதிப் பிரச்சினை வரைக்கும் பேசியது. 1984-ல் யுனெஸ்கோ இதற்கு ஒரு பரிசு கொடுத்தது. பின்னால் அதையும் மூடினார்கள். ஏடிஎஸ்-6 கதை இன்னும் சுருக்கம். 1976 ஜூலை முடிந்ததும் அதை அமெரிக்கா பக்கமே நகர்த்திக்கொண்டு போய்விட்டார்கள். வாடகை வீடு மாதிரிதான். கெடு முடிந்தது, காலி செய்தாகிவிட்டது. கோழிவலைகள் வானத்தைப் பார்த்தபடி நின்றன.

இதற்குச் சற்று முன்னால், 1970-ஐ ஒட்டி, கேரளத்தில் இன்னொரு வேலை நடந்தது. கொல்லங்கோட்டுக்காரரான பி. ஆர். பிஷாரடி, சி. வி. ராமனிடம் படித்த வானிலை அறிஞர், ஒரு ஹெலிகாப்டரில் கேமராவை ஏற்றித் தென்னந்தோப்புகளை அகச்சிவப்புப் பிலிமில் படம் எடுக்க ஏற்பாடு செய்தார். தென்னையின் வேர்வாடல் நோயைக் கண்டுபிடிப்பதுதான் நோக்கம். நல்ல இலை அகச்சிவப்பு ஒளியைப் பலமாகத் திருப்பி அனுப்பும். நோய்ப்பட்ட இலை அவ்வளவு அனுப்பாது. நம் கண்ணுக்கு இரண்டும் பச்சைதான். இந்தியத் தொலையுணர்வின் தொடக்கம் என்று எல்லாரும் சொல்வது இந்தத் தென்னை மரங்களைத்தான். ராணுவ ரகசியத்தில் தொடங்காமல் ஒரு மரத்தின் நோயில் தொடங்கியது என்பதை நான் கொஞ்சம் பெருமையாகவே நினைத்துக்கொள்வேன்.

அந்த வழியில்தான் 1988 மார்ச் 17 அன்று ஐஆர்எஸ்-1ஏ பறந்தது. அதன் ஒரு கேமராவில் ஒரு புள்ளி என்பது தரையில் 72.5 மீட்டர் சதுரம். கணக்குப் போட்டால் ஏறக்குறைய 1.3 ஏக்கர். நம்ம ஊரில் ஒரு குடும்பத்தின் மொத்த நிலமே பல இடங்களில் அவ்வளவுதான். அண்ணன் தம்பி வழக்கு, நடுவில் ஒரு கிணறு, ஓரத்தில் ஒரு வேப்பமரம், எல்லாம் சேர்ந்து ஒரு புள்ளி.

ஜிபிஎஸ்ஸும் இதே போலத்தான். அது அமெரிக்க ராணுவத்தின் சொத்து. பொதுமக்களுக்குக் கிடைத்த சிக்னலில் வேண்டுமென்றே பிழை கலந்து வைத்திருந்தார்கள். இடம் ஏறத்தாழ நூறு மீட்டர் வரை தள்ளிக் காட்டும். 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் சராசரி நில அளவு 1.08 ஹெக்டேர். அதைச் சதுரமாக நினைத்தால் பக்கத்துக்கு 104 மீட்டர். அப்படின்னா, அந்தப் பிழையோடு ஒரு இந்திய விவசாயி ஜிபிஎஸ் பார்த்து உரம் போட்டால் அது பங்காளி வயலில் விழும். 2000 மே மாதத் தொடக்கத்தில் கிளின்டன் அரசு அந்தப் பிழையை நிறுத்தியது. அதற்கு முன்பே அமெரிக்காவின் பெரிய பண்ணைகள் திருத்த சிக்னல்களைத் தனியாக வாங்கிப் பயன்படுத்திக்கொண்டிருந்தன. ஓரிடத்தில் நிலையாக நிற்கும் ஒரு கருவி, தன் உண்மையான இடத்துக்கும் ஜிபிஎஸ் காட்டும் இடத்துக்கும் உள்ள வித்தியாசத்தை அளந்து டிராக்டருக்குச் சொல்லும். அந்தத் திருத்தத்தைச் செயற்கைக்கோள் வழியாகவும் அனுப்பலாம். இன்று இரண்டு மூன்று சென்டிமீட்டர் பிசகில் டிராக்டர் தானாக ஓடுகிறது.

தமிழ்நாட்டில் 'துல்லியப் பண்ணையம்' என்ற சொல் 2004-ல் வேறு உருவத்தில் வந்தது. தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் 400 ஹெக்டேரில் மூன்று வருஷத் திட்டம், நடத்தியது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம். அதன் உயிர் சொட்டுநீர்க் குழாயும் அதிலேயே கரைத்துவிடும் உரமும்தான். தானாக ஓடும் டிராக்டருக்கு அங்கே வேலை இல்லை. விவசாயிகள் சங்கம் வைத்து, சேர்ந்து வாங்கி, சேர்ந்து விற்றார்கள். துல்லியம் என்றால் கருவி என்று நினைப்பவர்களிடம் நான் தர்மபுரித் தக்காளியைத்தான் சொல்வேன்.

அதே 2004 அக்டோபர் 18-ல் பிரதமர் மன்மோகன் சிங் கிராம வள மையங்களைத் தொடங்கிவைத்தார். இஸ்ரோவும் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து செய்தது. தங்கச்சிமடம், செம்பட்டி, திருவையாறு மூன்றும் செயற்கைக்கோள் வழியாகச் சென்னையோடு இணைந்தன. இந்த முறை இரண்டு பக்கமும் பேசலாம். திருவையாற்று விவசாயி வாடிய பயிரைக் கேமரா முன்னால் காட்டலாம், நிபுணர் அங்கிருந்து கேள்வி கேட்கலாம். 'சைட்'டில் இல்லாதது அதுதான். பின்னர் நாடு முழுக்க 400-க்கும் மேல் மையங்கள் வந்தன.

அப்புறம் என்ன ஆச்சு? கைபேசி வந்தது. மையத்துக்கு நடந்து போய் வரிசையில் உட்கார்ந்து நிபுணரிடம் கேட்பதைவிட வாட்ஸ்அப்பில் இலையைப் படம் பிடித்து உரக்கடைக்காரருக்கு அனுப்புவது சுலபம். அவர் விற்கிற மருந்தைத்தான் அவர் சொல்வார், அது வேறு விஷயம். இன்னொன்றும் உண்டு. சுவாமிநாதன் நிறுவனம் புதுச்சேரி வீராம்பட்டினத்தில் அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அலை உயரக் கணிப்பை எடுத்து மீனவர்களுக்கு ஒலிபெருக்கியில் வாசிக்க ஏற்பாடு செய்திருந்தது. தகவல் எங்கிருந்தோ வந்தது. ஆனால் அதை ஊர் ஆள் ஒருவர் ஊர்த் தமிழில் சத்தமாகச் சொன்னார். அந்தக் கடைசி நூறு மீட்டரைக் கடப்பது எந்தச் செயற்கைக்கோளுக்கும் கஷ்டம்தான்.

இப்போது பேச்சு நிஜமாகவே மேலே போகிறது. ஆனால் பேசுவது விவசாயி இல்லை, இயந்திரம். எங்கே எவ்வளவு விதை, எவ்வளவு உரம், எவ்வளவு விளைச்சல் என்று டிராக்டரும் அறுவடை இயந்திரமும் கம்பெனியின் கணினிக்கு அனுப்பிக்கொண்டே இருக்கின்றன. கைபேசிக் கோபுரம் எட்டாத நிலங்களில் அது தடைபடக் கூடாது என்றுதான் 2024 ஜனவரியில் ஜான் டியர் நிறுவனம் ஸ்டார்லிங்க்குக்காக ஸ்பேஸ்எக்ஸுடன் கைகோத்தது, முதலில் அமெரிக்காவுக்கும் பிரேசிலுக்கும். போகிற வழியிலேயே கட்டளையும் திரும்பி வரும். 2022-ல் உக்ரைனின் மெலிட்டோபோலில் ரஷ்யப் படையினர் ஒரு விற்பனையகத்திலிருந்து ஜான் டியர் இயந்திரங்களைத் தூக்கிக்கொண்டு செச்சினியா வரை போனார்கள். அங்கே போய்ப் பார்த்தால் வண்டி ஓடவில்லை, தொலைவிலிருந்தே பூட்டப்பட்டிருந்தது என்று செய்திகள் வந்தன. உலகமே கைதட்டியது. எனக்கும் சந்தோஷம்தான். கூடவே, திருடனிடமிருந்து பூட்ட முடிகிற வண்டியைத் தவணை கட்டாத விவசாயியிடமிருந்தும் பூட்ட முடியுமே என்று தோன்றியது. அமெரிக்க விவசாயிகள் தங்கள் டிராக்டரைத் தாங்களே பழுதுபார்க்கும் உரிமைக்காகப் பல வருஷமாகப் போராடிக்கொண்டிருப்பது இந்தப் பூட்டைப் பற்றியதும்தான்.

நம் பக்கத்தில் பூட்டு வேறு ரூபத்தில் இருக்கிறது. தமிழ்நாட்டில் மேகத்தை ஊடுருவிப் பார்க்கும் ரேடார் செயற்கைக்கோள் படங்களை வைத்து நெல் பரப்பையும் விளைச்சலையும் கணிக்கும் வேலை சில வருஷங்களாக நடக்கிறது. பயிர்க் காப்பீட்டுக்கும் அது பயன்படுகிறது. நல்லதுதான். பயிர் அறுவடை மாதிரி எடுப்பதில் நடக்கும் கோல்மால் குறையலாம். ஆனால் நெல்லுக்கு இழப்பீடு கணக்காவது கிராமத்துச் சராசரியில். பள்ளக்கால் வயல் மூழ்கிப்போனவருக்கு, மேட்டு வயல்காரர் நன்றாக அறுத்ததால் பணம் வராமல் போகலாம். அவர் அடங்கலைத் தூக்கிக்கொண்டு விஏஓ அலுவலகத்துக்குத்தான் போக முடியும். செயற்கைக்கோளிடம் மனு கொடுக்க முடியாது.

2024 மே 10, 11 தேதிகளில் பெரிய சூரியப் புயல் ஒன்று பூமியைத் தாக்கியது. லடாக்கின் ஹான்லேயில்கூட இரவு வானம் சிவந்தது. அமெரிக்காவில் அது மக்காச்சோளம் விதைக்கும் நேரம். ஜிபிஎஸ் திருத்த சிக்னல்கள் தடுமாறி, மத்திய மேற்கு மாநிலங்களில் பலர் டிராக்டரை வயலிலேயே நிறுத்தினார்கள். நிறுத்தாமல் விதைத்தவர்களுக்கு வேறு சிக்கல். விதை மண்ணில் ஓரிடத்தில் விழுந்தது, இயந்திரத்தில் பதிவானது சற்றுத் தள்ளி. களைக்கும் உரத்துக்கும் மறுபடி அதே வரிசைகளுக்குள் போகும்போது அந்தப் பதிவை நம்பினால் சக்கரம் பயிர்மேல் ஏறும். அவர்கள் கண்ணால் வரிசையைப் பார்த்து, ஸ்டீயரிங்கைக் கையில் பிடித்துத்தான் ஓட்டியிருக்க வேண்டும்.