மேகக் கணிமைக்குத் தனிவழி: நோர்வூட்டிலிருந்து ஒரு பார்வை

மேகக் கணிமைத் தனிவழி இணைப்பு என்பது, ஒரு நிறுவனம் தன் சொந்தப் பொறுப்பில் வைத்திருக்கும் தரவு மையத்தையும், அமேசான், மைக்ரோசொஃப்ட், கூகுள் போன்ற பெருநிறுவனங்கள் நடத்தும் மேகத் தளத்தையும் பொது இணையத்தின் வழியே போகாமல் இணைக்கும் தொடர்பு. அமேசான் இச்சேவையை டைரக்ட் கனெக்ட் என்ற பெயரில் 2011இல் தொடங்கியது. மைக்ரோசொஃப்டின் எக்ஸ்பிரஸ் ரூட் 2014இலும் கூகுளின் டெடிகேட்டட் இன்டர்கனெக்ட் 2017இலும் வந்தன. பெயரும் கட்டண முறையும் வேறுபட்டாலும் மூன்றின் அடிப்படையும் ஒன்றே.

இச்சேவைகளின் கையேடுகள் பெருநகரத் தரவு மையத்தின் வாசலில் தொடங்கி மேகத்தின் வாசலில் முடிந்துவிடுகின்றன. நுவரெலியா மாவட்டத்தில், ஹட்டனிலிருந்து பொகவந்தலாவைக்கும் மஸ்கெலியாவுக்கும் போகிற வழியில் இருக்கும் நோர்வூட்டிலிருந்து பார்த்தால், பாதை அந்த வாசலுக்கு நூறு கிலோமீட்டருக்கும் முன்பே தொடங்குகிறது. மலையில் நிறுக்கும் கொழுந்தின் கிலோக் கணக்கு, செக்ரோலில் (வருகைப் பதிவேட்டில்) விழும் பேர், ஊழியர் சேமலாப நிதிக்குப் போகும் பங்கு, தொழிற்சாலையிலிருந்து இறங்கும் தேயிலையின் தரமும் எடையும் என்று ஒரு தோட்ட ஆபிசிலிருந்து நாள்தோறும் தரவு கீழே இறங்குகிறது. அதன் அளவு சிறியதுதான். ஆனால் அது நேரத்துக்குப் போய்ச் சேராவிட்டால் ஒரு குடும்பத்தின் சம்பளம் தவறலாம்.

மலையகத்தின் கணக்கு கொழும்போடு கட்டப்பட்டிருப்பது புதிதல்ல. கொழும்புத் தேயிலை ஏலம் 1883இல் தொடங்கியது. ரயில் பாதை 1884இல் ஹட்டனை எட்டியது. தோட்டத்துரைமாருக்குப் பணம் கொடுக்கவும் வாங்கவும் ஹட்டன் வங்கி 1888இல் திறக்கப்பட்டது. இன்று நாடெங்கும் கிளை பரப்பியிருக்கும் ஹட்டன் நஷனல் வங்கியின் தொடக்கம் அதுவே. 1992இல் தோட்டங்களின் நிர்வாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளுக்குக் கைமாறியபின் ஒவ்வொரு தோட்டமும் கொழும்புத் தலைமையகம் ஒன்றின் கிளை ஆபிசாயிற்று. 2020 ஏப்ரலில், கொரோனா ஊரடங்கின் நடுவே, நூற்றாண்டு கடந்த கூவல் ஏலமும் இணையவழிக்கு மாறியது. தேயிலை விற்பதற்கே வலையிணைப்பு வேண்டும் என்ற நிலை அன்று பிறந்தது.

இணைப்பு இயங்கும் விதம்

ஒரு தரவு மையம் மேகத்தை அடைய மூன்று வழிகள் உண்டு. முதலாவது வெறும் பொது இணையம். இரண்டாவது, அதே பொது இணையத்துக்குள் மறைகுறியாக்கிய சுரங்கம் ஒன்றை அமைக்கும் விபிஎன். இது மலிவு, ஒரே நாளில் அமைத்துவிடலாம், பெரும்பாலான சிறு நிறுவனங்களுக்குப் போதும். ஆனால் சுரங்கம் ஓடும் நிலம் பொது நிலம் என்பதால், மாலையில் ஊரெல்லாம் வீடியோ பார்க்கும்போது அதன் வேகமும் தள்ளாடும். மூன்றாவது, இக்கட்டுரையின் பொருளான தனிவழி.

தனிவழியின் நடுப்புள்ளி சந்திப்பிடம் எனப்படும் நடுநிலைத் தரவு மையம். மேக நிறுவனம் தன் ரவுட்டர்களை அங்கே முன்கூட்டியே வைத்திருக்கும். வாடிக்கையாளர் தன் இடத்திலிருந்து அந்தச் சந்திப்பிடம் வரை ஒரு தொலைத்தொடர்புக் கம்பனியிடம் வாடகைக்குக் கம்பி எடுக்க வேண்டும். இணைப்புக்கு விண்ணப்பித்ததும் மேக நிறுவனம் ஓர் அனுமதிக் கடிதம் தரும். எந்த அலுமாரியில் எந்தத் துளையில் இழையைச் செருகலாம் என்று அதில் எழுதியிருக்கும். அதன்படி சந்திப்பிடத்தின் ஊழியர்கள் மேக நிறுவனத்தின் ரவுட்டருக்கும் வாடிக்கையாளரின் ரவுட்டருக்கும் நடுவே சில மீற்றர் நீளக் கண்ணாடி இழையை இழுப்பார்கள். கிராஸ் கனெக்ட் என்று தொழிலில் உள்ளவர்கள் சொல்வது இதைத்தான்.

இழை பொருந்தியபின் மென்பொருளின் வேலை தொடங்குகிறது. ஒரே இழைக்குள் பல போக்குவரத்துகளைப் பிரித்துவைக்க ஒவ்வொன்றுக்கும் வீலான் இலக்கம் கொடுக்கப்படும். பிறகு இரு பக்க ரவுட்டர்களும் பிஜிபி என்ற நெறிமுறையில், தத்தம் பக்கம் உள்ள முகவரிகளை ஒன்றுக்கொன்று அறிவிக்கும். கம்பி அறுந்தால் அறிவிப்பும் நின்றுபோகும்; மாற்றுப்பாதை இருந்தால் போக்குவரத்து தானாக அதற்குத் திரும்பும். கொழும்புத் தலைமையகத்திலுள்ள சேர்வரும் மும்பை மேகத்தில் ஓடும் சேர்வரும் ஒரே கட்டடத்தில் இருப்பதுபோல உள்முகவரிகளாலேயே பேசிக்கொள்வது இந்த ஏற்பாட்டால்தான்.

சந்திப்பிடத்தில் ஒரு முழுத் துளையைத் தனக்கென எடுப்பவருக்கு மேக நிறுவனத்தைப் பொறுத்து 1, 10, 100 கிகாபிட் போன்ற அளவுகள் கிடைக்கும். அவ்வளவு வேண்டாதவர்கள், முன்பே துளை எடுத்து வைத்திருக்கும் தொலைத்தொடர்புக் கம்பனியிடமிருந்து 50 மெகாபிட் முதல் பங்காக வாங்கலாம். பல தோட்டங்களை நடத்தும் ஒரு கம்பனிக்கு இந்தப் பங்கே தாராளம்.

கடலைத் தாண்டும் பகுதி

இந்த மூன்று நிறுவனங்களில் எதற்கும் இலங்கைக்குள் மேகப் பிராந்தியம் இல்லை. பக்கத்தில் உள்ளவை இந்தியாவிலும் சிங்கப்பூரிலும் இருக்கின்றன. மைக்ரோசொஃப்ட் 2015இல் புனே, சென்னை, மும்பை ஆகிய மூன்று நகரங்களில் பிராந்தியங்களைத் திறந்தது. அமேசான் 2016இல் மும்பையிலும் 2022இல் ஹைதராபாத்திலும் திறந்தது. கூகுள் 2017இல் மும்பைக்கு வந்தது. சென்னையில் டைரக்ட் கனெக்டுக்கும் எக்ஸ்பிரஸ் ரூட்டுக்கும் சந்திப்பிடங்கள் உண்டு. ஆகவே இலங்கையிலிருந்து போகும் தனிவழி எதுவும் கடலடிக் கம்பியில் ஏறித்தான் ஆக வேண்டும்.

கண்ணாடி இழைக்குள் ஒளி செக்கனுக்கு ஏறக்குறைய 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். கொழும்பிலிருந்து சிங்கப்பூர் நேர்கோட்டில் சுமார் 2,700 கிலோமீட்டர். ஒரு கேள்வி போய்ப் பதில் வருவதற்குக் குறைந்தது 27 மில்லி செக்கன் ஆகும். மும்பைக்குச் சுமார் 15, சென்னைக்கு 7. கம்பி வளைந்து நெளிந்து போவதாலும் வழியில் உள்ள கருவிகளாலும் உண்மை அளவு இதைவிடக் கூடும். எந்தத் தனிவழியும் இந்தக் கணக்கைக் குறைக்க முடியாது. காலையும் மாலையும் ஒரே அளவில் நிறுத்திவைக்கத்தான் முடியும். வங்கிக்கும் ஏலத்துக்கும் அந்தச் சீர்மையே பெரிய ஆதாயம்.

ஒற்றைப் பாதையை நம்பினால் என்ன ஆகும் என்பதை இலங்கை 2004 ஆகஸ்டில் பட்டறிந்தது. ஸ்டேட் ஒஃப் நாகலாந்து என்ற இந்தியச் சரக்குக் கப்பலின் நங்கூரம் கொழும்புத் துறைமுகத்துக்கு அருகே சீ-மீ-வீ 3 கடலடிக் கம்பியை அறுத்தது. நாட்டின் இணையமும் வெளிநாட்டுத் தொலைபேசியும் பெருமளவு முடங்கின. அடுத்த ஆண்டின் இறுதியில் சீ-மீ-வீ 4 வந்தது. 2006இல் தூத்துக்குடியையும் கல்கிசையையும் இணைக்கும் பாரத்-லங்கா கம்பியை, ஏறக்குறைய 325 கிலோமீட்டர் நீளத்தில், பிஎஸ்என்எல்லும் ஶ்ரீலங்கா ரெலிகொம்மும் சேர்ந்து அமைத்துத் திறந்தன. மலையகத் தோட்டங்களுக்கு ஆள் வந்திறங்கிய கடல்வழிகளில் தூத்துக்குடி-கொழும்பும் ஒன்று என்பதை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. பின்னர் கல்கிசையில் கரையேறும் வங்காள விரிகுடா நுழைவாயில் கம்பி சென்னையையும் மும்பையையும் ஓமானையும் மலேசியாவையும் தொட்டது. சீ-மீ-வீ 5 மாத்தறையில் கரையேறியது. கரையேறும் இடங்கள் கல்கிசை, கொழும்பு, மாத்தறை எனப் பிரிந்ததுதான் இதில் பெரிய முன்னேற்றம் என்பேன். ஒரு நங்கூரம் எல்லாவற்றையும் ஒரே நாளில் அறுக்க இனி முடியாது.

மலையில் உள்ள பகுதி

இவ்வளவு கவனம் மலைப்பகுதிக்குக் கிடைக்கவில்லை. நோர்வூட்டுக்கு வரும் இழை பெரும்பாலும் வீதியோரமாகவே வரும். வீதியோ மலைச்சரிவை வெட்டி அமைத்தது. தென்மேல் பருவமழையை நேரே ஏற்கும் பக்கம் இது. மண் சரிந்தால் வீதி, மின்கம்பம், இழை மூன்றும் ஒன்றாகவே போகும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலையகத்தை உலுக்கியபோது மண்சரிவுகளோடு வீதியும் மின்சாரமும் தொலைத்தொடர்பும் சேர்ந்தே அறுந்தன. உறவினர் உயிரோடு இருக்கிறார்களா என்று கேட்கக்கூட வழியில்லாமல் பலர் தவித்தனர்.

ஆகவே இங்கே இரண்டு இணைப்பு வைத்திருக்கிறோம் என்று ஒரு நிறுவனம் சொன்னால் கேட்க வேண்டிய முதல் கேள்வி, அவை எந்த வழியாக வருகின்றன என்பதே. இரண்டு கம்பனிகளிடம் தனித்தனியே பணம் கட்டி வாங்கிய இழைகள் ஒரே கம்பத்தில் தொங்கலாம், ஒரே பாலத்தைக் கடக்கலாம். மைக்ரோசொஃப்ட் ஒவ்வோர் எக்ஸ்பிரஸ் ரூட் சுற்றையும் இரட்டை இணைப்பாகவே தருகிறது. அமேசான் தன் உயர்ந்த உத்தரவாதமான 99.99 சதவீதத்துக்கு இரண்டு வேறு சந்திப்பிடங்களைக் கேட்கிறது. அந்த 99.99 சதவீதம் என்பது ஆண்டுக்கு ஏறத்தாழ 53 நிமிடத் தடங்கலுக்கே இடம் தருவது. ஆனால் அந்த உத்தரவாதம் சந்திப்பிடத்து ரவுட்டரிலிருந்து மேகம் வரைக்கும்தான். ஹட்டன் வீதியில் விழும் மரம் அந்த ஒப்பந்தத்தில் இல்லை.

மலைக்கு உண்மையான இரண்டாவது வழி வானத்தில் இருக்கிறது. முகடு விட்டு முகடு போகும் நுண்ணலைக் கோபுரங்கள் ஒரு வகை. 2025 ஜூலையில் இலங்கையில் சேவையைத் தொடங்கிய ஸ்டார்லிங்க் செய்மதி இணையம் மற்றொன்று. செய்மதி வழி பொது இணையத்துக்கே போகும். அதற்குள் விபிஎன் சுரங்கம் ஓடவேண்டும். வேகம் குறைந்தாலும் செக்ரோல் கணக்கு போய்ச் சேரும். ஒரு தோட்ட ஆபிசுக்கென்று தனி டைரக்ட் கனெக்ட் எடுப்பது வீண்செலவு. இழைவழி ஒன்றால் கொழும்புத் தரவு மையத்தை அடைந்து, அங்கிருந்து கம்பனி முழுவதற்குமான தனிவழியில் கடலைத் தாண்டி, அவசரத்துக்குச் செய்மதியை வைத்துக்கொள்வதே பொருந்தும்.

மின்சாரத்தையும் சேர்த்தே எண்ண வேண்டும். 2022 மார்ச் இறுதியில் நாட்டில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் மின்வெட்டு இருந்தது. காசல்ரீ நீர்த்தேக்கத்தின் தண்ணீர் விமலசுரேந்திர மின்நிலையத்தைச் சுழற்றும் இந்தப் பள்ளத்தாக்கும் அதற்கு விலக்கல்ல. பற்றரி தீர்ந்த ரவுட்டருக்கு இரண்டு பாதை இருந்தும் பயனில்லை.

தனிவழியும் பாதுகாப்பும்

தனிவழி என்பதாலேயே அதில் போகும் தரவு மறைகுறியாக்கப்பட்டிருக்கும் என்று பலர் நம்புகிறார்கள். இது ஆபத்தான நம்பிக்கை. டைரக்ட் கனெக்டோ எக்ஸ்பிரஸ் ரூட்டோ தானாக எதையும் மறைப்பதில்லை. வழியிலுள்ள தொலைத்தொடர்புக் கம்பனியின் கருவிகளுக்கு அது திறந்த கடிதமே. மறைக்க வேண்டுமானால் இழையின் அளவில் மெக்செக், அல்லது வலையமைப்பின் அளவில் ஐபிசெக் என்று தனியே அமைக்க வேண்டும். தேசிய அடையாள அட்டை இலக்கமும் வங்கிக் கணக்கும் போகும் பாதையில் இதைத் தவிர்க்கக் கூடாது.

அரசின் அனுபவம் மற்றொரு பாடத்தைக் காட்டுகிறது. அமைச்சுகளிலிருந்து பிரதேச செயலகங்கள் வரை நூற்றுக்கணக்கான அலுவலகங்களை இணைக்கும் லங்கா அரசாங்க வலையமைப்பும், அதற்குப் பின்னால் நிற்கும் லங்கா அரசாங்க மேகமும், 2003ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த தகவல் தொடர்பாடல் தொழில்நுட்ப முகவர் நிலையத்தின் பொறுப்பில் வளர்ந்தவை. 2023 ஆகஸ்டில் அந்த மேகத்தைப் பணயத் தீநிரல் தாக்கியது. அமைச்சரவை அலுவலகத்தினுடையவை உட்பட சுமார் 5,000 அரச மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஆகஸ்டு 26 வரையான தரவு மீளவில்லை, அக்காலத்துக்கான பிரதி இல்லாததால். வலையமைப்பு எவ்வளவு தனியாக இருந்தாலும், பழைய மென்பொருளும் பிரதி எடுக்காத பழக்கமும் அதற்குள்ளேயே உட்கார்ந்திருக்கும்.

சட்டமும் பாதையைத் தீர்மானிக்கிறது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், அரச நிறுவனங்களின் கையிலுள்ள தனிப்பட்ட தரவை நாட்டுக்குள்ளேயே கையாள்வதைப் பொது விதியாக வைத்து இயற்றப்பட்டது. தனியார் கம்பனிக்கு வெளிநாட்டு மேகம் திறந்திருந்தாலும், தரவு எந்த நாட்டில் தங்குகிறது என்பதற்கு அது பொறுப்புச் சொல்லியாக வேண்டும். அதனால்தான் ஊழியர் விவரங்களைக் கொழும்புத் தரவு மையத்திலும், விற்பனை ஆய்வு போன்ற கனத்த கணிப்புகளை மேகத்திலும் வைக்கும் கலப்பு முறை இங்கே பொருத்தமாகிறது. கலப்பு முறைக்குத்தான் தனிவழி மிகவும் தேவைப்படுகிறது, இரு பாதிகளும் ஓயாமல் பேசிக்கொள்ள வேண்டியிருப்பதால்.

செலவும் சோதனையும்

துளைக்கு மணிக் கணக்கில் வாடகை, கிராஸ் கனெக்டுக்கு மாத வாடகை, கொழும்பிலிருந்து சந்திப்பிடம் வரை கடல்வழி வாடகை என்று மூன்று செலவுகள் சேரும். இவற்றில் கடல்வழியே கனமானது. எதிர்ப்பக்கத்தில், மேகத்திலிருந்து தரவை வெளியே எடுக்கும் கட்டணம் பொது இணையத்தைவிடத் தனிவழியில் குறைவு. நாள்தோறும் பெருமளவு தரவை இறக்கும் வங்கிக்கோ தொலைத்தொடர்புக் கம்பனிக்கோ இதனாலேயே கணக்கு நேராகலாம். சிறு கம்பனி ஒன்று நேர்மையாகக் கூட்டிப்பார்த்தால் நல்ல விபிஎன் இரண்டு போதும் என்ற முடிவுக்கும் வரலாம்.

எதை வாங்கினாலும், இரண்டாவது பாதை உயிரோடு இருக்கிறதா என்பதை முதலாவதை வேண்டுமென்றே நிறுத்தித்தான் அறிய முடியும். இதற்காக பிஜிபி தொடர்பைச் சிறிது நேரம் துண்டித்துப் பார்க்கும் வசதியை அமேசான் தருகிறது. தோட்ட ஆபிஸ் பக்கத்தில் இதைக் கையால் செய்ய வேண்டும்: இழையைக் கழற்றி, செய்மதிக்கு மாறுகிறதா, எத்தனை நிமிடத்தில் மாறுகிறது, கொழுந்துக் கணக்கு முழுதாகப் போய்ச் சேர்ந்ததா என்று குறித்துக்கொள்ள வேண்டும். நோர்வூட்டில் இதற்கு ஏற்ற காலம் ஏப்ரல், மே மழை இறங்குவதற்கு முன்; அதிலும் 10ஆம் திகதியை ஒட்டி வரும் சம்பள நாட்கள் கழிந்த பிறகு.