க்ராய்ட்சர் வாசிக்காத க்ராய்ட்சர் சொனாட்டா

நம் கல்லூரி மலரில் மேல்நாட்டுச் சங்கீதத்துக்கு என்ன வேலை என்று சில நண்பர்கள் கேட்கக்கூடும். பயப்பட வேண்டாம், ஸ்வரங்களுக்குள் நான் அதிகம் போகப்போவதில்லை. வியன்னா நகரில் நடந்த ஒரு காலைக் கச்சேரியின் சரித்திரத்தைத்தான் சொல்ல வந்தேன். சரித்திரம் படித்தவர்களுக்கு இதில் கொஞ்சம் துப்பறியும் வேலையும் இருக்கிறது.

வயலினும் பியானோவும் சேர்ந்து வாசிக்க பீத்தோவன் எழுதிய சொனாட்டாக்கள் மொத்தம் 10. சொனாட்டா என்றால் மூன்று நான்கு பகுதிகளாக விரியும் ஒரு பெரிய உருப்படி என்று வைத்துக்கொள்ளுங்கள். அவற்றில் ஒன்பதாவதை உலகமே 'க்ராய்ட்சர் சொனாட்டா' என்று அழைக்கிறது. டால்ஸ்டாய் 1889-இல் எழுதிய குறுநாவலுக்கும் அதே பெயர்தான். ஆனால் அதை முதன்முதலில் மேடையில் வாசித்தவர் க்ராய்ட்சர் அல்ல. யாரை மனத்தில் வைத்து எழுதப்பட்டதோ, அவரும் க்ராய்ட்சர் அல்ல. அந்த மனிதரின் பெயர் ஜார்ஜ் பிரிட்ஜ்டவர்.

பிரிட்ஜ்டவர் போலந்தில் பிறந்தவர். தந்தை ஆப்பிரிக்க வம்சாவளி, தாய் ஐரோப்பியப் பெண்மணி. தந்தை எஸ்டர்ஹாசி இளவரசரின் அரண்மனையில் ஊழியம் பார்த்தவர்; தன் பையனின் வித்தையை ஊருக்கு ஊர் விளம்பரப்படுத்தத் தெரிந்த கெட்டிக்காரரும்கூட. 1789-இல், பிரெஞ்சுப் புரட்சி வெடிப்பதற்குச் சில மாதங்கள் முன்பு, பத்து வயதையொட்டிய அந்தப் பையன் பாரிஸ் மேடையில் வாசித்துக் கைதட்டல் வாங்கினான். பிறகு இங்கிலாந்தின் பட்டத்து இளவரசர் (பின்னாளில் நான்காம் ஜார்ஜ் மன்னர்) அவனை ஆதரித்துப் படிக்க வைத்தார். தாயாரைப் பார்க்க விடுப்பு வாங்கிக்கொண்டு ஜெர்மனிக்கு வந்தவர், 1803 வசந்த காலத்தில் வியன்னாவுக்கு வந்து சேர்ந்தார். லிக்னோவ்ஸ்கி இளவரசர் பீத்தோவனிடம் அறிமுகம் செய்து வைத்தார். இருவரும் சீக்கிரமே ஒட்டிக்கொண்டார்கள்.

பீத்தோவனுக்கு அப்போது 32 வயது. அதற்கு ஏழு மாதம் முன்புதான், 1802 அக்டோபரில், தன் காது கேட்காமல் போய்க்கொண்டிருப்பதைப் பற்றித் தம்பிகளுக்கு ஒரு துயரக் கடிதம் எழுதி, அனுப்பாமலே வைத்திருந்தார். அப்படிப்பட்ட நேரத்தில் ஒரு துடிப்பான வயலின்காரர் வந்ததும் பேனா ஓட ஆரம்பித்துவிட்டது.

கச்சேரி 1803 மே 24. இடம், வியன்னாவின் ஆவ்கார்ட்டன் பூங்கா மண்டபம். நேரம் காலை 8 மணி! நம்ம ஊர் சபாக்காரர்களே யோசிக்கும் நேரம். உருப்படியோ இன்னும் முடிந்தபாடில்லை. கடைசிப் பகுதியைப் புதிதாக எழுத நேரமில்லாததால், முந்தைய வருடம் வேறொரு சொனாட்டாவுக்காக எழுதி ஒதுக்கி வைத்திருந்ததை எடுத்து இதில் சேர்த்துவிட்டார். பீத்தோவனின் மாணவர் ரீஸ் பிற்காலத்தில் எழுதியிருக்கிறார்: விடியற்காலை நாலரை மணிக்கு ஆள் அனுப்பி, முதல் பகுதியின் வயலின் பாகத்தை அவசரமாகப் படியெடுக்கச் சொன்னாராம். பியானோ பாகத்தில் அங்கங்கே சில குறிப்புகள்தான் இருந்தன. இரண்டாம் பகுதியைப் படியெடுக்கவே நேரமில்லை. பீத்தோவனின் கையெழுத்துப் பிரதியைப் பார்த்தே பிரிட்ஜ்டவர் வாசித்தார். பீத்தோவனின் கையெழுத்தைப் படத்திலாவது பார்த்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய காரியம் என்று புரியும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அதுவரை இப்படிப்பட்ட சொனாட்டாக்களில் பியானோதான் எஜமானன். வயலின் பெரும்பாலும் பக்கவாத்தியம் மாதிரி. இதிலோ வயலின் தனியாக, பியானோவின் துணையே இல்லாமல், பல தந்திகளை ஒன்றாக இழுத்துக்கொண்டு ஆரம்பிக்கிறது. அதன் பிறகுதான் பியானோ பதில் சொல்கிறது. பிறகு இரண்டும் சரிக்குச் சரியாக மோதுகின்றன. அந்த மோதலில் ஓரிடத்தில் பியானோ மட்டும் மேலும் கீழுமாக ஓர் ஓட்டம் ஓடும். அந்தப் பகுதி இரண்டாம் முறை வந்தபோது, எழுதிக் கொடுத்ததில் இல்லாத ஒன்றைச் செய்தார் பிரிட்ஜ்டவர். அதே ஓட்டத்தை அப்படியே வாங்கி வயலினில் வாசித்துக் காட்டினார். நம் வித்வான்கள் பாடகரின் சங்கதியை வாங்கி வாசிப்பார்களே, அதேதான். பீத்தோவன் கோபப்படவில்லை. துள்ளி எழுந்து, ஓடி வந்து கட்டிக்கொண்டு, "இன்னொரு தரம்!" என்றாராம்.

யார் சொன்னது? பிரிட்ஜ்டவரே எழுதி வைத்த குறிப்பு. இரண்டாம் பகுதியை ரசிகர்கள் திரும்பத் திரும்பக் கேட்டார்கள் என்றும் அதில் இருக்கிறது. ஆனால் பீத்தோவனின் இன்னொரு மாணவர் செர்னி வேறு மாதிரி சொல்கிறார்: பிரிட்ஜ்டவரின் அங்கசேஷ்டைகளைப் பார்த்து ஜனங்கள் சிரித்தார்களாம். 1803-இல் செர்னி 12 வயதுப் பையன். பிரிட்ஜ்டவரோ தன் கதையைத் தானே சொல்கிறவர். இரண்டு பேரும் பொய் சொல்ல அவசியமில்லை. மண்டபத்தில் ஒரு பக்கம் சிரிப்பும் இன்னொரு பக்கம் கரகோஷமும் இருந்திருக்கலாம் என்பது என் அபிப்பிராயம்.

பிரதியின் மேல் பீத்தோவன், கறுப்பு வெள்ளைக் கலப்பினத்தவர்களைக் குறிக்க அந்தக் காலத்தில் வழங்கிய சொல்லையே வைத்து, கேலியும் பிரியமுமாக பிரிட்ஜ்டவரின் பெயரை எழுதியிருந்தார். பிரியம்தான் என்றாலும் இன்று படிக்கும்போது கொஞ்சம் உறுத்துகிறது. 1805-இல் பான் நகரில் அச்சாகி வந்தபோது அந்தப் பெயரே இல்லை. பாரிஸின் பிரபல வயலின் ஆசிரியர் ரொடால்ஃப் க்ராய்ட்சருக்கு சமர்ப்பணம் என்று இருந்தது.

ஏன்? ஒரு பெண் விஷயமாக இருவருக்கும் சண்டை என்று பிரிட்ஜ்டவர் முதுமையில் ஒரு சக வயலின்காரரிடம் சொல்லியிருக்கிறார். எல்லாப் புத்தகங்களும் இதையே பிடித்துக்கொண்டன, சுவையான கதையாயிற்றே! ஆனால் அந்த நாட்களில் பீத்தோவன் பாரிஸுக்குக் குடிபோகவே யோசித்துக்கொண்டிருந்தார் என்பதையும் கவனிக்க வேண்டும். அங்கே செல்வாக்குள்ள ஒருவரின் பெயர் முதல் பக்கத்தில் இருந்தால் உபயோகம். க்ராய்ட்சரை 1798-இல் வியன்னாவில் சந்தித்து, அவரை மெச்சியும் இருந்தார். சண்டை நடந்திருக்கலாம். ஆனால் பெயர் மாறியதற்குப் பாரிஸ் கனவே பெரிய காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. அந்தக் கனவு பலிக்கவில்லை. க்ராய்ட்சரும் அந்த உருப்படியை மேடையில் வாசித்ததே இல்லை. அது புரியவே இல்லை என்று அவர் சொன்னதாக பெர்லியோஸ் எழுதியிருக்கிறார்.

பிரிட்ஜ்டவர் லண்டன் திரும்பினார். 1811-இல் கேம்பிரிட்ஜில் இசைப் பட்டம் வாங்கினார். 1860-இல் லண்டனின் பெக்கம் பகுதியில் காலமானார். 2009-இல் அமெரிக்கக் கவிஞர் ரீட்டா டவ் அவரைப் பற்றி ஒரு கவிதை நூலே எழுதினார். அதன் பிறகுதான் பலருக்கு அவர் பெயர் தெரிந்தது. நட்பாக இருந்த நாட்களில் பீத்தோவன் அவருக்கு ஓர் இசைக்கவை கொடுத்ததாகச் சொல்வார்கள். நாம் பௌதிக லேபில் தட்டித் தட்டிப் பார்த்தோமே, அதே சாமான்தான். அது பல கைகள் மாறி, இசையமைப்பாளர் வாகன் வில்லியம்ஸிடம் இருந்து, கடைசியில் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்துக்குப் போய்ச் சேர்ந்தது.