தமிழ்நாடு சட்டமன்றத்தில் எதிர்க்கட்சித் தலைவர்

தமிழ்நாடு சட்டமன்றப் பேரவையில் எதிர்க்கட்சித் தலைவர் என்பவர், அரசில் பங்கு பெறாத கட்சிகளுள் மிகுதியான உறுப்பினர்களைக் கொண்ட கட்சியின் சட்டமன்றக் குழுத் தலைவர் ஆவார். பேரவைத் தலைவர் (சபாநாயகர்) அவரை அவ்வாறு ஏற்று அறிவிக்க வேண்டும். அக்கட்சிக்கு மொத்த உறுப்பினர்களில் பத்தில் ஒரு பங்காவது இருக்க வேண்டும் என்பது பின்பற்றப்படும் நெறி. பேரவையின் 234 இடங்களில் பத்தில் ஒரு பங்கு 23.4, எனவே குறைந்தது 24 உறுப்பினர்கள் தேவை. இந்தப் பதவியைப் பற்றி அரசமைப்புச் சட்டத்தில் ஒரு சொல்லும் கிடையாது. ஆனாலும் இதை வகிப்பவருக்கு அமைச்சருக்கு நிகரான தகுதி உண்டு.

மேலே உள்ள விளக்கத்தில் 'அரசில் பங்கு பெறாத' என்ற தொடரை மாணவர்கள் கவனிக்க வேண்டும். 'தேர்தலில் ஆளுங்கட்சியை எதிர்த்த' என்று அங்கே இல்லை. குடிமையியல் வகுப்பில், "தேர்தலில் தோற்ற பெரிய கட்சியின் தலைவர்தானே சார் எதிர்க்கட்சித் தலைவர்?" என்று பிள்ளைகள் கேட்பது வழக்கம். பெரும்பாலும் அப்படித்தான் நடக்கும். ஆனால் தமிழ்நாட்டில் சில முறை அப்படி நடக்கவில்லை.

தொடக்க காலம்

1952 தேர்தலில் சென்னை மாநிலச் சட்டமன்றத்தின் 375 இடங்களில் காங்கிரசுக்குக் கிடைத்தவை 152. பெரும்பான்மை இல்லாத நிலையில் ராஜாஜி மேலவை வழியாக முதலமைச்சராக வந்தார். எதிர்வரிசையில் இந்தியப் பொதுவுடைமைக் கட்சி 62 பேருடன் அமர்ந்திருந்தது. அதன் தலைவர் டி. நாகி ரெட்டி, அனந்தபூரில் நீலம் சஞ்சீவ ரெட்டியைத் தோற்கடித்து வந்தவர். பொதுவுடைமையரைத் தமது முதல் எதிரி என்று அவையிலேயே சொன்னவர் ராஜாஜி. அவருக்கு எதிரே இவர்கள் அமர்ந்த அந்த அவையில் விவாதங்களின் சூட்டுக்குக் குறைவிருக்கவில்லை. 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திரம் பிரிந்தபின் பி. இராமமூர்த்தி எதிர்க்கட்சித் தலைவரானார்.

1962இல் திராவிட முன்னேற்றக் கழகம் 50 இடங்களைப் பெற்றது. ஆனால் அதன் தலைவர் அண்ணா காஞ்சிபுரத்தில் தோற்றுவிட்டார். அவர் மாநிலங்களவைக்குச் செல்ல, நாவலர் நெடுஞ்செழியன் எதிர்க்கட்சித் தலைவராகவும் மு. கருணாநிதி துணைத் தலைவராகவும் பொறுப்பேற்றார்கள். கட்சித் தலைவர் வேறு, சட்டமன்றக் கட்சித் தலைவர் வேறு என்பதற்கு இதைவிட எளிய எடுத்துக்காட்டு இல்லை.

1967இல் நிலைமை தலைகீழானது. தி.மு.க. 137 இடங்களுடன் ஆட்சி அமைத்தது. காங்கிரசு 51 இடங்களுடன் எதிர்வரிசைக்கு வந்தது. காமராசரே விருதுநகரில் தோற்றிருந்ததால் பி.ஜி. கருத்திருமன் எதிர்க்கட்சித் தலைவரானார். கம்பராமாயணத்தில் ஆழ்ந்த புலமை உடையவர் அவர். 1967 சூலை 18 அன்று, மாநிலத்திற்குத் 'தமிழ்நாடு' எனப் பெயரிடும் தீர்மானம் இந்த அவையில்தான் ஒருமனதாக நிறைவேறியது. ஆட்சியில் இருந்தபோது அக்கோரிக்கைக்கு இணங்காத காங்கிரசு, எதிர்வரிசையில் இருந்து அதை ஆதரித்தது. எதிர்க்கட்சி என்றால் எல்லாவற்றையும் எதிர்ப்பது என்று நினைப்பவர்கள் இந்த நாளை நினைவில் கொள்ளலாம்.

1971இல் தி.மு.க. 184 இடங்களை வென்றது. எதிரணியில் மிகப் பெரிய கட்சியான நிறுவனக் காங்கிரசுக்குக் கிடைத்தவை 15 மட்டுமே. 24 என்ற எண்ணை எந்தக் கட்சியும் எட்டவில்லை.

கூட்டாளியே எதிர்க்கட்சித் தலைவர்

1991 தேர்தலில் அ.தி.மு.க.வும் காங்கிரசும் ஒரே அணி. அ.தி.மு.க. 164 இடங்களும் காங்கிரசு 60 இடங்களும் பெற்றன. எதிர்த்து நின்ற தி.மு.க.வுக்கு ஏறத்தாழ 22.5 விழுக்காடு வாக்குகள் விழுந்தும் கிடைத்தவை 2 இடங்கள். காங்கிரசு அமைச்சரவையில் சேரவில்லை. ஆகவே, ஆளுங்கட்சியோடு சேர்ந்து வாக்குக் கேட்டு வென்ற காங்கிரசின் எஸ்.ஆர். பாலசுப்பிரமணியம் எதிர்க்கட்சித் தலைவரானார். பின்னர் இரு கட்சிகளின் உறவு கசந்தது. அதன்பிறகே அந்தப் பதவிக்கு அதன் பெயருக்கு ஏற்ற பொருள் வந்தது.

1996இல் அதே கதை, வேறு கட்சிகளுடன். தி.மு.க. 173, அதன் கூட்டாளியான தமிழ் மாநிலக் காங்கிரசு 39. சுமார் 21.5 விழுக்காடு வாக்குகள் பெற்ற அ.தி.மு.க.வுக்கு 4 இடங்கள். த.மா.கா.வின் சோ. பாலகிருட்டிணன் எதிர்க்கட்சித் தலைவரானார்.

2011இல் மறுபடியும் அதே நிலை. அ.தி.மு.க. 150, அதன் கூட்டாளி தே.மு.தி.க. 29, தி.மு.க. 23. வாக்கு விழுக்காட்டைப் பார்த்தால் தி.மு.க.வுக்கு 22க்கு மேல், தே.மு.தி.க.வுக்கு 8க்கும் குறைவு. (தே.மு.தி.க. போட்டியிட்ட தொகுதிகள் குறைவு என்பதையும் சேர்த்தே இந்த ஒப்பீட்டைப் படிக்க வேண்டும்.) விசயகாந்த் எதிர்க்கட்சித் தலைவரானார். அவ்வாண்டு உள்ளாட்சித் தேர்தலிலேயே கூட்டணி முறிந்தது. 2012 பிப்ரவரியில் அவையில் நடந்த மோதலைத் தொடர்ந்து எதிர்க்கட்சித் தலைவரே பத்து நாட்களுக்கு நீக்கி வைக்கப்பட்டார்.

இம்மூன்று முறையும் விதி எதுவும் மீறப்படவில்லை. ஒரு தொகுதியில் முதலில் வருபவருக்கே இடம் என்னும் தேர்தல் முறையும், பெரிய கூட்டணி கட்டும் தமிழ்நாட்டுப் பழக்கமும் சேர்ந்தால் விளைவு இதுதான். ஐந்தில் ஒருவருக்கு மேல் வாக்களித்த கட்சிக்கு அவையில் குரல் இல்லாமல் போகிறது. அந்த வாக்காளர்களுக்கு எதிராகப் பரப்புரை செய்து வென்றவர் அவர்களுக்காகவும் கேள்வி கேட்க வேண்டியவர் ஆகிறார். அரசைக் கேள்வி கேட்கும் கடமை, அரசின் தயவில் வென்றவரிடம் போய்ச் சேர்வது நல்ல ஏற்பாடு என்று என்னால் சொல்ல முடியவில்லை.

பதவியின் பணிகள்

புதிய பேரவைத் தலைவர் தேர்ந்தெடுக்கப்பட்டதும் அவை முன்னவரும் எதிர்க்கட்சித் தலைவரும் அவரை இருபுறமும் நின்று அழைத்துச் சென்று இருக்கையில் அமர்த்துவது மரபு. இது சடங்கு. சட்டம் கொடுத்த வேலைகள் வேறு. மாநில மனித உரிமை ஆணையத் தலைவர், உறுப்பினர்களைத் தேர்வு செய்யும் குழுவிலும், 2005ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி மாநிலத் தகவல் ஆணையர்களைத் தேர்வு செய்யும் குழுவிலும் அவருக்கு இடம் உண்டு. ஏற்கப்பட்ட எதிர்க்கட்சித் தலைவர் இல்லையென்றால், எதிரணியின் மிகப் பெரிய குழுவின் தலைவரை அந்த இடத்தில் வைத்துக்கொள்ளலாம் என்று தகவல் உரிமைச் சட்டம் விளக்கமும் தருகிறது.

ஆயினும் வரலாற்றில் நிற்பவை குழுக் கூட்டங்கள் அல்ல. 1980இல் திருச்செந்தூர் முருகன் கோயிலில் சரிபார்ப்பு அதிகாரி ஒருவர் இறந்தார். தற்கொலை என்று சொல்லப்பட்ட அந்த இறப்பு பெரும் சர்ச்சையாகி, நீதிபதி பால் ஆணையம் அமைக்கப்பட்டது. ஆணையத்தின் அறிக்கையை எம்.ஜி.ஆர். அரசு வெளியிடாமல் இருந்தபோது, எதிர்க்கட்சித் தலைவராக இருந்த மு. கருணாநிதி அதை வெளியிட்டார். 1982 பிப்ரவரியில் மதுரையிலிருந்து திருச்செந்தூர் வரை நடைப்பயணமும் மேற்கொண்டார். மறைக்கப்பட்ட ஓர் ஆவணத்தை மக்கள் முன் வைப்பதைவிடப் பெரிய வேலை எதிர்க்கட்சித் தலைவருக்கு இல்லை. அடுத்த ஆண்டு, ஈழத்தமிழர் சிக்கலில் எதிர்ப்பைக் காட்ட அவரும் க. அன்பழகனும் சட்டமன்றப் பதவிகளை விட்டு விலகினர்.

1989இல் செ. செயலலிதா இப்பதவிக்கு வந்தார். தமிழ்நாட்டில் இதை வகித்த முதல் பெண் அவரே. அவ்வாண்டு மார்ச்சு 25 அன்று வரவு செலவுத் திட்டம் படிக்கப்பட்ட நேரத்தில் அவையில் வெடித்த வன்முறை பற்றி இரு தரப்பும் இருவிதமாகச் சொல்லின. அவர் மீண்டும் முதலமைச்சராகத்தான் அவைக்கு வருவேன் என்று கூறி வெளியேறினார். 1991இல் அப்படியே வந்தார்.

எண்ணிக்கையும் இருக்கையும்

2016 பிப்ரவரியில் தே.மு.தி.க.வின் அதிருப்தி உறுப்பினர்கள் எட்டுப் பேர் பதவி விலகினர். அக்கட்சியின் பலம் 20 ஆகச் சுருங்க, விசயகாந்த் எதிர்க்கட்சித் தலைவர் தகுதியை இழந்தார். 23 பேரைக் கொண்டிருந்த தி.மு.க.வுக்கும் அது கிடைக்கவில்லை. தேவைப்பட்டது இன்னும் ஒருவர்! அந்தப் பேரவையின் கடைசிச் சில மாதங்கள் எதிர்க்கட்சித் தலைவர் இல்லாமலே கழிந்தன.

அதே ஆண்டு மே மாதத் தேர்தலில் தி.மு.க. 89 இடங்களுடன் இம்மாநிலம் கண்ட மிகப் பெரிய எதிர்க்கட்சியானது; மு.க. ஸ்டாலின் தலைவர். எண்ணிக்கை இருந்தால் போதுமா என்றால், அதுவும் இல்லை. 2017 பிப்ரவரி 18 அன்று எடப்பாடி பழனிசாமி அரசு நம்பிக்கை கோரிய நாளில், இரகசிய வாக்கெடுப்புக் கேட்டுக் கூச்சலிட்ட தி.மு.க. உறுப்பினர்கள் அனைவரும் வெளியேற்றப்பட்டனர். பிறகு எண்ணப்பட்ட வாக்குகள் 122க்கு 11. அப்போது எதிர்க்கட்சித் தலைவர் அவையில் இல்லை.

2021இல் பழனிசாமியே அந்த இருக்கைக்கு வந்தார். அவர் கட்சி பிளவுபட்டபின், எதிர்க்கட்சித் துணைத் தலைவரின் இருக்கையில் ஓ. பன்னீர்செல்வத்திற்குப் பதில் ஆர்.பி. உதயகுமாரை அமர்த்த வேண்டும் என்று 2022 முதல் அக்கட்சி கேட்டு வந்தது. இருக்கை ஒதுக்குவது தம் உரிமை என்றார் பேரவைத் தலைவர் மு. அப்பாவு. 2024 பிப்ரவரியில் முதலமைச்சர் ஸ்டாலின் அவையில் பரிந்துரைத்த பிறகே அந்த இருக்கை மாறியது.