தொம்மலூர்: கல்வெட்டு ஊரிலிருந்து மாநகர வட்டம் வரை – நகரமயமாக்கமும் நகர்ப்புற வளர்ச்சிக் கொள்கையும்

பெங்களூரு: பெங்களூரின் கிழக்குப் பகுதியில், பழைய விமான நிலையச் சாலையும் உள்வட்டச் சாலையும் சந்திக்கும் இடத்தில் அமைந்துள்ளது தொம்மலூர். மேம்பாலம், தகவல் தொழில்நுட்ப அலுவலகங்கள், அடுக்குமாடிக் குடியிருப்புகள் ஆகியவற்றால் இன்று அறியப்படும் இப்பகுதி, சில தலைமுறைகளுக்கு முன்புவரை ஏரியும் வயலும் சூழ்ந்த கிராமமாக இருந்தது. இந்திய நகரங்களின் வளர்ச்சியையும், அதை நெறிப்படுத்த அரசுகள் வகுத்த கொள்கைகளின் விளைவையும் இந்த ஒரே வட்டத்தில் காண முடிகிறது.

கல்வெட்டில் ஓர் ஊர்

தொம்மலூரில் உள்ள சொக்கநாத சுவாமி கோயில், பெங்களூரின் மிகப் பழைமையான கோயில்களுள் ஒன்று. அங்கு 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டுகள் உள்ளன. கெம்பே கவுடா 16ஆம் நூற்றாண்டில் பெங்களூரு கோட்டையை எழுப்புவதற்கு முன்பே இவ்வூர் நிலைபெற்றிருந்தது என்பதற்கு அவை சான்றாகும். விண்ணமங்கலம் ஏரியின் வருவாய் கோயிலுக்கு வழங்கப்பட்டதை ஒரு கல்வெட்டு குறிப்பிடுகிறது. இந்திராநகரை ஒட்டியுள்ள இன்றைய பின்னமங்கலாவே அந்த விண்ணமங்கலம் எனக் கருதப்படுகிறது. ஏரியே ஊரின் பொருளாதாரத்துக்கு அடிப்படையாக இருந்த காலம் அது.

1940இல் இந்துஸ்தான் விமான நிறுவனம் தொடங்கப்பட்டதும் பெங்களூரின் கிழக்குப் பகுதி மாறத் தொடங்கியது. பொதுத்துறை ஆலைகள், இராணுவ நிலைகள், விமான நிலையம் ஆகியவற்றைத் தொடர்ந்து தகவல் தொழில்நுட்பத் துறையும் வந்தது. 2001இல் சுமார் 43 லட்சமாக இருந்த மாநகராட்சி எல்லைக்குட்பட்ட மக்கள்தொகை, எல்லை விரிவாக்கத்துக்குப் பின் 2011 கணக்கெடுப்பில் 84 லட்சத்தைக் கடந்தது. அதே கணக்கெடுப்பின்படி, நாட்டு மக்களில் 31.16 சதவீதத்தினர் நகரங்களில் வசித்தனர். கர்நாடகத்தில் இது 38 சதவீதத்துக்கும் மேல், தமிழ்நாட்டில் 48 சதவீதத்துக்கும் மேல்.

ஏரி மனைப்பிரிவான கதை

நகரின் வளர்ச்சியைத் திட்டமிட 1945இல் நகர மேம்பாட்டு அறக்கட்டளை வாரியம் அமைக்கப்பட்டது. 1976ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் அதன் இடத்தில் பெங்களூரு வளர்ச்சி ஆணையம் (பிடிஏ) உருவானது. கிராம நிலங்களைக் கையகப்படுத்தி, சாலை, வடிகால் அமைத்து, மனைகளாகப் பிரித்துப் பொதுமக்களுக்கு ஒதுக்குவது இதன் முதன்மைப் பணி. தொம்மலூர் ஏரியும் இவ்வாறே பிடிஏ மனைப்பிரிவாக மாறியது. அருகிலிருந்த சல்லகட்டா ஏரி கோல்ஃப் மைதானமாகவும், நகரின் மையத்திலிருந்த தர்மாம்புதி ஏரி கெம்பேகவுடா பேருந்து நிலையமாகவும், சம்பங்கி ஏரி கண்டீரவா விளையாட்டு அரங்கமாகவும் மாறின.

இந்த மாற்றத்தின் விளைவை நில அமைப்பு விளக்குகிறது. வற்றாத ஆறு இல்லாத பெங்களூரு, கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயர மேட்டு நிலத்தில் அமைந்துள்ளது. மழைநீர் ஒரு ஏரி நிறைந்து அடுத்த ஏரிக்குச் செல்லும் வகையில், 'ராஜகாலுவே' எனப்படும் பெருவாய்க்கால்களால் ஏரிகள் இணைக்கப்பட்டிருந்தன. தொம்மலூர்ப் பகுதியின் நீர், கோரமங்களா-சல்லகட்டா பள்ளத்தாக்கு வழியாகப் பெல்லந்தூர் ஏரியை அடைகிறது. இச்சங்கிலியின் மேல்பகுதியில் ஓர் ஏரி மறையும்போது, அது தேக்கிவைத்த நீர் முழுவதும் கீழ்ப்பகுதிக்கு விரைகிறது. 2022 செப்டம்பரில் பெல்லந்தூர் உள்ளிட்ட கிழக்குப் பகுதிகள் வெள்ளத்தில் மூழ்கின. 2024 கோடையில் அதே நகரம் கடும் குடிநீர்த் தட்டுப்பாட்டைச் சந்தித்தது. சுமார் 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து ஏற்றிக் கொண்டுவரப்படும் காவிரி நீரையே நகரம் பெரிதும் நம்பியுள்ளது.

மத்திய அரசின் திட்டங்கள்

நகரமயமாக்கத்தை நாடு தழுவிய கொள்கைப் பிரச்சினையாக முதன்முதலில் விரிவாக ஆராய்ந்தது, கட்டடக் கலைஞர் சார்லஸ் கொரியா தலைமையிலான தேசிய நகரமயமாக்கல் ஆணையம். அதன் அறிக்கை 1988இல் வெளியானது. பெரிய அளவிலான நிதி 2005 டிசம்பரில் தொடங்கப்பட்ட ஜவஹர்லால் நேரு தேசிய நகர்ப்புறப் புதுப்பிப்புத் திட்டத்தின் மூலமே வந்தது. பெங்களூரு மாநகரப் போக்குவரத்துக் கழகம் இத்திட்டத்தின்கீழ்க் கட்டிய போக்குவரத்து மையங்களுள் ஒன்று தொம்மலூரில் உள்ளது. பேருந்து நிலையத்துடன் வாகன நிறுத்துமிடத்தையும் வணிக வளாகத்தையும் இணைப்பதே இம்மையங்களின் நோக்கம்.

அதைத் தொடர்ந்து 2015இல் பொலிவுறு நகரங்கள் திட்டம், அம்ருத், பிரதமரின் வீட்டுவசதித் திட்டம் ஆகியவை தொடங்கப்பட்டன. 100 நகரங்களுக்கான பொலிவுறு நகரங்கள் பட்டியலில் பெங்களூரு 2017இல் இடம்பெற்றது. இத்திட்டம் ஒவ்வொரு நகரிலும் தனி நிறுவனம் மூலம் செயல்படுத்தப்பட்டு, 2025 மார்ச் 31இல் நிறைவடைந்தது.

எந்தப் பணி எவரிடம்?

தொம்மலூரில் வசிக்கும் ஒருவருக்குக் குடிநீரும் கழிவுநீர் இணைப்பும் வழங்குவது, 1964ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த குடிநீர் வடிகால் வாரியம். மின்சாரத்துக்கு பெஸ்காம், பேருந்துக்குப் போக்குவரத்துக் கழகம், மெட்ரோவுக்குத் தனி நிறுவனம், மனைப்பிரிவுக்கு பிடிஏ. இவை அனைத்தும் மாநில அரசின் கட்டுப்பாட்டிலோ பங்களிப்பிலோ இயங்குபவை. உள்ளூர்ச் சாலை, மழைநீர் வடிகால், குப்பை அகற்றல் போன்றவை மாநகராட்சியின் பொறுப்பு. எனவே குழாய் பதிக்கத் தோண்டிய சாலையைச் சீரமைப்பதற்குக்கூட இரு அமைப்புகளின் ஒருங்கிணைப்பு தேவைப்படுகிறது.

இந்நிலையை மாற்றும் நோக்குடன் கொண்டுவரப்பட்டதே அரசியலமைப்பின் 74ஆவது திருத்தம். 1993 ஜூன் 1இல் நடைமுறைக்கு வந்த இத்திருத்தம், நகர்ப்புறத் திட்டமிடல், நிலப் பயன்பாட்டு ஒழுங்குமுறை, குடிநீர் வழங்கல் உள்ளிட்ட 18 பணிகளை உள்ளாட்சிகளுக்கு உரியவையாகப் பன்னிரண்டாம் அட்டவணையில் பட்டியலிட்டது. மூன்று லட்சம் அல்லது அதற்கு மேற்பட்ட மக்கள்தொகை கொண்ட நகரங்களில் வட்டக் குழுக்கள் அமைக்கப்பட வேண்டும். உள்ளாட்சியின் ஐந்தாண்டுப் பதவிக்காலம் முடிவதற்குள் தேர்தல் நடத்தப்பட வேண்டும் என்றும் அது கூறுகிறது. எனினும், எந்தெந்த அதிகாரங்களை வழங்குவது என்பதை மாநிலச் சட்டமன்றங்களே முடிவு செய்கின்றன.

மாமன்றம் இல்லாத ஆண்டுகள்

2007இல் ஏழு நகராட்சிகள், ஒரு பேரூராட்சி, 110 கிராமங்கள் ஆகியவற்றை இணைத்துப் பெருநகர பெங்களூரு மாநகராட்சி உருவாக்கப்பட்டது. அதன் 198 வட்டங்களுள் தொம்மலூரும் ஒன்று. 2020 செப்டம்பரில் மாமன்றத்தின் பதவிக்காலம் முடிந்தது. வட்டங்களின் எண்ணிக்கையை உயர்த்தும் முடிவு, எல்லை மறுவரையறை, இடஒதுக்கீடு ஆகியவை தொடர்பான வழக்குகளால் தேர்தல் தள்ளிப்போனது. அதன்பின் ஐந்து ஆண்டுகள் நகரம் அதிகாரிகளின் நிர்வாகத்தில் இருந்தது. சென்னை மாநகராட்சியும் 2016 அக்டோபர் முதல் 2022 பிப்ரவரியில் தேர்தல் நடைபெறும் வரை இதே நிலையில் இருந்தது.

இக்காலத்தில் திட்டமிடலிலும் தேக்கம் நிலவியது. 2007இல் அறிவிக்கப்பட்ட திருத்திய பெருந்திட்டம் 2015ஆம் ஆண்டை இலக்காகக் கொண்டது. 2031ஆம் ஆண்டுக்கான வரைவு 2017இல் வெளியிடப்பட்டுப் பின்னர் திரும்பப் பெறப்பட்டது. இதனால் இலக்கு ஆண்டு கடந்த பின்னரும் பழைய திட்டத்தின் அடிப்படையிலேயே கட்டட அனுமதிகள் வழங்கப்பட்டன.

ஐந்து மாநகராட்சிகள்

பெருநகர பெங்களூரு நிர்வாகச் சட்டம், 2024-இன்படி, 2025 செப்டம்பரில் மாநகராட்சி மத்தி, கிழக்கு, மேற்கு, வடக்கு, தெற்கு என ஐந்தாகப் பிரிக்கப்பட்டது. சாந்திநகர்ச் சட்டமன்றத் தொகுதிக்குட்பட்ட தொம்மலூர், மத்திய மாநகராட்சியின் கீழ் வந்தது. இவற்றை ஒருங்கிணைக்கும் பெருநகர பெங்களூரு ஆணையத்துக்கு முதலமைச்சர் தலைவர்.

சிறிய மாநகராட்சிகள் மக்களை எளிதில் அணுகும் என்பதும், பல்வேறு அமைப்புகளை ஒரே ஆணையம் ஒருங்கிணைக்கும் என்பதும் சட்டத்தை ஆதரிப்போரின் வாதம். திட்டமிடல் அதிகாரம் முதலமைச்சர் தலைமையிலான ஆணையத்திடம் குவிவது 74ஆவது திருத்தத்தின் நோக்கத்துக்கு முரணானது என்பது எதிர்ப்போரின் வாதம்.

நாட்டின் அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1 அடிப்படை நாளாக நிர்ணயிக்கப்பட்டுள்ளது. நிதிப் பகிர்வு, வட்ட எல்லை, குடிநீர்த் தேவை ஆகியவற்றுக்கான மதிப்பீடுகள் அதன் அடிப்படையில் புதுப்பிக்கப்படும். இன்று வட்டக் குழுவுக்கும் மாமன்றத்துக்கும் சட்டத்தில் இடம் உண்டு. அவை உரிய காலத்தில் அமைக்கப்படுவதையும் உரிய அதிகாரம் பெறுவதையும் பொறுத்தே, அடுத்த பெருந்திட்டத்தில் இப்பகுதி மக்களின் பங்கு அமையும்.