கைத்துப்பாக்கியில் ஒரு டார்ச் லைட்

டெக்சாஸில் நான் ஆராய்ச்சி மாணவனாக இருந்த வருடங்களில் வாரக் கடைசியில் எனக்குச் சோறு போட்டது ஓர் அண்ணன் வீடு. மதுரைப் பக்கத்துக்காரர். பக்கத்துத் தெருவில் திருட்டு நடந்ததும் ஒரு கைத்துப்பாக்கி வாங்கிவிட்டார். ஒரு சனிக்கிழமை காலையில் போன் வந்தது.

“தம்பி, நீ லேசர் லேப்லதானே இருக்கே? துப்பாக்கிக்கு லைட்டு, லேசர்னு கடைக்காரன் என்னென்னமோ சொல்றான். கூட வாப்பா.”

துப்பாக்கியைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் 1984-ல் வந்த ‘டெர்மினேட்டர்’ படம்தான். இருட்டான நடன விடுதியில் சாரா கானரின் நெற்றியில் ஒரு சிவப்புப் புள்ளி வந்து நிற்குமே, அது. லேசர் துப்பாக்கி என்றதும் என் தலைமுறைக்கு ஞாபகம் வருவது அந்தப் புள்ளிதான். அது எப்படி வந்தது என்பதைப் பிற்பாடுதான் படித்தேன். அதிலிருந்தது ஹீலியம்-நியான் வாயு லேசர். பற்றவைக்கவே சுமார் 10,000 வோல்ட் வேண்டும். பற்றிக்கொண்ட பிறகும் அணையாமல் இருக்க ஆயிரம் வோல்ட் போய்க்கொண்டே இருக்க வேண்டும். துப்பாக்கிக்குள் அதற்கு ஏது இடம்? பேட்டரியை ஆர்னால்டின் கோட்டுக்குள் ஒளித்து, சட்டைக் கை வழியாக வயரை இழுத்து, சுவிட்சை இன்னொரு கையில் கொடுத்தார்கள். எதிர்காலத்திலிருந்து வந்த இயந்திர மனிதன் நம்மூர் மைக்செட்காரர் மாதிரி வயரைச் சுமந்துகொண்டுதான் நடந்தான்.

லேசர் பிறந்தது அதற்கு 24 வருடங்கள் முன்னால். 1960 மே 16 அன்று கலிஃபோர்னியாவின் மாலிபுவில் தியோடர் மைமன் ஒரு மாணிக்கத் தண்டிலிருந்து முதல் லேசர் ஒளியை எடுத்தார். சில வாரங்களில் செய்தியாளர்களிடம் அறிவித்தபோது, பத்திரிகைகள் அதை ‘மரணக் கதிர்’ ஆக்கிவிட்டன. கடைசியில் அது துப்பாக்கியில் ஏறியபோது யாரையும் எரிக்கவில்லை. குண்டு எங்கே போகும் என்று காட்டும் விரலாகத்தான் ஏறியது. 1980களின் பிற்பகுதியில் சிவப்பு ஒளி தரும் டயோடு லேசர்கள் விற்பனைக்கு வந்தன. கோட்டுக்குள் இருந்த பேட்டரி சுண்டுவிரல் அளவுக்கும் கீழே சுருங்கியது.

டார்ச்சின் கதை இன்னும் பழையது. அமெரிக்காவில் டேவிட் மிஸெல் கைவிளக்குக்குக் காப்புரிமை பெற்றது 1899-ல். அந்தக் கால பேட்டரியும் கார்பன் இழை பல்பும் தொடர்ந்து எரியாது. விட்டுவிட்டு ஒரு மின்னு மின்னும், அவ்வளவுதான். ‘ஃபிளாஷ்லைட்’ என்ற பெயரே அதனால் வந்ததுதான். இதைத் துப்பாக்கியோடு சேர்த்துக் கட்டுவதை உலகம் நேரலையில் பார்த்தது 1980-ல். லண்டனில் ஈரான் தூதரகத்தை ஆறு பேர் பிடித்து வைத்திருந்தார்கள். மே 5 அன்று பிரிட்டனின் எஸ்.ஏ.எஸ். வீரர்கள் உள்ளே பாய்ந்தபோது, எம்.பி.5 துப்பாக்கிகளின் மேல் டார்ச்சைப் பொருத்தியிருந்தார்கள். புகையும் இருட்டும் நிறைந்த அறைக்குள் யார் பணயக்கைதி, யார் ஆயுததாரி என்று கணத்தில் தெரிய வேண்டும். இரண்டு கையும் துப்பாக்கியில் இருக்கும்போது டார்ச்சை வேறு எங்கே வைப்பது?

கைத்துப்பாக்கிக்கு இது வரக் கொஞ்சம் தாமதமானது. அமெரிக்கப் போலீஸ்காரர்கள் ஒரு கையில் டார்ச், மறு கையில் துப்பாக்கி என்றுதான் பழகினார்கள். உடம்பை விட்டு விலக்கி டார்ச்சைப் பிடிப்பது ஒரு முறை. வெளிச்சத்தைப் பார்த்துச் சுடுபவன் ஆளைத் தவறவிடுவான் என்ற கணக்கு. மணிக்கட்டுகளைக் குறுக்கே வைத்துப் பின்கைகளை ஒன்றோடொன்று முட்டுக்கொடுப்பது இன்னொரு முறை. 1991-ல் அமெரிக்கச் சிறப்புப் படைகள் ஒரு புதுக் கைத்துப்பாக்கியைக் கேட்டபோது, லேசரும் விளக்கும் சேர்ந்த பெட்டியையும் கூடவே கேட்டன. ஜெர்மனியின் ஹெக்லர் அண்ட் கோக் தயாரித்த மார்க் 23 அப்படித்தான் 1996-ல் படைக்குப் போனது. அந்தப் பெட்டியில் கண்ணுக்குத் தெரியும் லேசரும் இருந்தது, இரவுக் கண்ணாடி போட்டால் மட்டும் தெரியும் அகச்சிவப்பு லேசரும் இருந்தது. அதே பத்தாண்டில் சாதாரணக் கைத்துப்பாக்கிகளிலும் குழலுக்குக் கீழே விளக்கு மாட்டும் தண்டவாளம் வந்துவிட்டது. 1993-ல் ஜப்பானில் ஷூஜி நகமுரா பிரகாசமான நீல எல்.இ.டி.யைச் செய்து காட்டினார். அது வெள்ளை எல்.இ.டி.க்கு வழிவிட, குண்டு பல்பு மெதுவாக விடைபெற்றது. ராணுவத்துக்குச் செய்த சரக்கு வீட்டு அலமாரிக்கு வந்துசேர்ந்தது.

அந்த வீட்டு அலமாரி ஒன்றுக்காகத்தான் நாங்கள் கடையில் நின்றுகொண்டிருந்தோம்.

கடைக்காரர் பச்சை லேசரை நீட்டினார். “பச்சைதான் பவரா?” என்றார் அண்ணன். பவர் ஒன்றுதான், கண்தான் வேறு என்றேன். பகல் வெளிச்சத்தில் நம் கண் அதிகம் உணர்வது 555 நானோமீட்டர் அலைநீளத்தை. 532-ல் இருக்கும் பச்சை அதற்குப் பக்கத்து வீடு, 650-ல் இருக்கும் சிவப்பு ஊர்க்கோடி. அதனால் ஒரே சக்தியில் பச்சை ஏறக்குறைய எட்டு மடங்கு பிரகாசமாகத் தெரியும். ஆனால் நல்ல வெயிலில் இரண்டுமே திணறும். இன்னொன்றையும் சொன்னேன். லேசர் குழலுக்குக் கீழே இருக்கிறது, குண்டு மேலே போகிறது. இரண்டு கோடுகளையும் ஏதோ ஒரு தூரத்தில் சந்திக்க வைக்கலாம். மற்ற தூரங்களில் புள்ளி ஓர் இடம், குண்டு கொஞ்சம் தள்ளி. வீட்டுக்குள் அந்த வித்தியாசம் சின்னதுதான், ஆனால் புள்ளி வைத்த இடத்தில்தான் விழும் என்று சத்தியம் செய்யக் கூடாது.

விளக்குகளின் அட்டைப்பெட்டியில் லூமென் என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. லூமென் என்பது மொத்த வெளிச்சம். அது நடுவில் எவ்வளவு குவிகிறது என்பதைச் சொல்வது கேண்டெலா. திறந்தவெளிக்குக் குவிந்த ஒளி நல்லது. வீட்டுக்குள் அதே ஒளி வெள்ளைச் சுவரில் பட்டு நம் கண்ணையே கூசவைக்கும். சுவிட்ச் விரலுக்கு எட்ட வேண்டும். விளக்கு மாட்டினால் பழைய உறை சேராது, புதிது வாங்க வேண்டும். இதெல்லாம் அண்ணனுக்குப் பிடித்திருந்தது. பைக்குக் கார்புரேட்டர் பார்ப்பதுபோல ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார்.

நான்தான் கெடுத்தேன். “அண்ணே, லேசர் எங்க படும்னு காட்டும். அங்க நிக்கிறது யாருன்னு காட்டாது.”

“அதுக்குத்தானே லைட்டு?”

“அந்த லைட்டு எதுல இருக்கு?”

அவர் பேசவில்லை. துப்பாக்கியில் மாட்டிய விளக்கின் வரலாறே இந்தச் சிக்கலில்தான் வந்து முட்டுகிறது. சுடத் தயாராக இல்லாத எதை நோக்கியும் குழலைத் திருப்பாதே என்பது துப்பாக்கி பழகும் எவருக்கும் முதல் நாளே சொல்லித்தரும் விதி. விளக்கு குழலோடு பிணைந்திருக்கும்போது, ஒரு முகத்தை அடையாளம் பார்க்க வேண்டுமென்றால் அந்த முகத்தின் மேலேயே குழலைத் திருப்பத் தோன்றும். தூதரகத்துக்குள் நுழைந்தவர்களுக்கு உள்ளே ஆயுததாரிகள் இருக்கிறார்கள் என்று தெரியும். பாதி ராத்திரியில் ஹாலில் சத்தம் கேட்டு எழுந்திருப்பவருக்கு எதுவும் தெரியாது.

சுவிட்சும் ஆபத்துதான். 2010-ல் அதே டெக்சாஸின் பிளேனோ நகரில் ஒரு போலீஸ் அதிகாரியின் குண்டில் ஒருவர் இறந்தார். விளக்கின் சுவிட்சைத்தான் அழுத்தினேன் என்று அதிகாரி சொன்னார். விசைக்கு அருகிலேயே இருக்கும் சுவிட்சை அழுத்தும்போது, பதற்றத்தில் பக்கத்து விரலும் சேர்ந்து இறுகிவிடும் என்று பயிற்சியாளர்கள் அதன்பின் எச்சரித்துக்கொண்டே இருந்தார்கள்.

அண்ணனின் மகள் அப்போது பன்னிரண்டாம் வகுப்பு. ஐஸ்கிரீம் கடையில் பகுதிநேர வேலை முடிந்து பதினொரு மணிக்கு மேல்தான் பின்கதவு வழியாக வருவாள். அதை நான் சொல்லவில்லை. அவரே, “பாப்பா லேட்டா வர்ற பொண்ணு” என்றார், கடைக்காரருக்குப் புரியாத மொழியில், கண்ணாடிப் பெட்டியைப் பார்த்தபடியே.

அன்று ஒரு கை டார்ச்சும் வாங்கினோம். லேசர் வேண்டாம் என்றுவிட்டார். துப்பாக்கிக்கான விளக்கையும் வாங்கினார், அதை நான் தடுக்கவில்லை. வீட்டுக்குப் போய் எல்லா விளக்கையும் அணைத்தோம். டார்ச்சை மட்டும் எடுத்து மேற்கூரையை நோக்கி அடித்தேன். வெள்ளைக் கூரையில் பட்டுச் சிதறிய ஒளியில் ஹால் முழுவதும் தெரிந்தது. சோபா, பூஜை அலமாரி, கழற்றிப் போட்ட செருப்பு எல்லாம். யார்மேலும் எதையும் நீட்டாமலே பார்க்க முடிந்தது.

“இன்னொரு தடவ அடி” என்றார்.

அடித்தேன். மாடிப்படியில் மகள் நின்றிருந்தாள். “கரன்ட் போச்சாப்பா?”

“இல்லம்மா, சும்மா. நீ வேலைக்குக் கிளம்பு. வரும்போது முன்வாசல் வழியா வா. வந்ததும் ஒரு குரல் குடு.”

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. சரி என்று தலையாட்டிவிட்டுப் போனாள். அண்ணன் என் கையிலிருந்த டார்ச்சை வாங்கித் தன் தலைமாட்டில் கொண்டுபோய் வைத்தார். துப்பாக்கியைப் பூட்டிய பெட்டிக்குள் வைத்தார். அதற்கான விளக்கு பிரிக்காத அட்டையோடு மேஜையிலேயே கிடந்தது.