தமிழ்க் குழந்தைப் பாடல்களில் நிறங்களும் ஐம்புலன்களும்

நிறம், சுவை, மணம், ஒலி, தொடுஉணர்வு ஆகியவற்றைக் குழந்தைக்கு அறிமுகம் செய்யும் பாடல்களுக்குத் தமிழில் தனிப்பெயர் கிடையாது. தாலாட்டிலும் விளையாட்டுப் பாட்டிலும் பின்னாளில் எழுந்த குழந்தைக் கவிதையிலும் அவை கலந்தே கிடக்கின்றன. அவை வளர்ந்த வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்வது இக்கட்டுரையின் நோக்கம். சாயத் தொழில் நடக்கும் திருப்பூரில் பல ஆண்டுகள் தொடக்கப்பள்ளி ஆசிரியையாக இருந்ததால், அப்பாடல்களை வகுப்பில் சொல்லிக்கொடுத்தபோது எழுந்த ஒரு கேள்வியையும் சேர்த்திருக்கிறேன்.

பாடலுக்கு முன் மொழியைப் பார்க்க வேண்டும். தொல்காப்பிய மரபியல் உயிர்களைப் புலன்களின் எண்ணிக்கையால் வகுக்கிறது. முதலாவது தொடுஉணர்வு, அடுத்தது சுவை, பிறகு மணம். நாம் முதலில் வைக்கும் கண் அங்கே நான்காவதாகத்தான் வருகிறது. செவி ஐந்தாவது, மனம் ஆறாவது. புல்லும் மரமும் ஓரறிவு, எறும்பு மூவறிவு, வண்டு நான்கறிவு என்று அந்தப் பட்டியல் போகிறது. பிறந்த குழந்தையைக் கையில் எடுத்தவர்களுக்கு இந்த வரிசை வியப்பாக இராது. அதுவும் தொட்டும் சுவைத்தும்தான் உலகத்தைத் தொடங்குகிறது.

நிறச் சொற்களைப் பற்றியும் அந்நூலில் சுவையான செய்தி உண்டு. கறுப்பு, சிவப்பு என்னும் சொற்களுக்குச் சினம் என்பதை முதற்பொருளாகச் சொல்லிவிட்டு, அவை நிறத்தையும் குறிக்கும் என்று உரியியல் பிறகு சேர்க்கிறது. முகம் கறுத்தது, கண் சிவந்தது என்று இன்றும் சொல்கிறோம் அல்லவா? கருமை, வெண்மை, செம்மை போன்ற சிலவற்றைத் தள்ளிவிட்டுப் பார்த்தால், நம் நிறப் பெயர்களில் பெரும்பாலானவை பொருள்களின் பெயர்களே. மஞ்சள் முதலில் ஒரு கிழங்கு, பிறகுதான் நிறம். சந்தன நிறம், மாந்துளிர் நிறம், மயில்கழுத்து நிறம், பாக்கு நிறம், கிளிப்பச்சை, வாடாமல்லி என்று சேலைக் கடைக்காரர் அடுக்கும்போது நம் கண்ணுக்கு முன் பூவும் பறவையும் வந்து போகின்றன. பச்சை என்பது நிறம் மட்டுமில்லை. பச்சைத் தண்ணீரும் பச்சைக் குழந்தையும் பச்சை நிறத்தில் இருப்பதில்லை. காய்ச்சாதது, முற்றாதது என்பது அங்கே பொருள். ஆகவே தமிழில் ஒரு நிறத்தைச் சொன்னால் பல நேரம் அதன் மணமும் தொடுஉணர்வும் கூடவே வந்துவிடும்.

எழுதப்படாத பாடல்களில் கண்ணைவிட உடம்புக்கே வேலை அதிகம். சாய்ந்தாடும் பாட்டும் கைவீசும் பாட்டும் குழந்தையின் முதுகையும் கையையும் அசைப்பதற்காகப் பிறந்தவை. நிலாவை அழைக்கும் பாட்டு சோறூட்டுவதற்கு. திருக்குறளின் மக்கட்பேறு அதிகாரமும் இந்த வழியில்தான் நிற்கிறது. பிள்ளையின் சிறுகை அளாவிய கூழ் நாவுக்கும், பிள்ளையைத் தொடுவது உடம்புக்கும், அதன் சொல் செவிக்கும் இன்பம் என்று வள்ளுவர் புலன் புலனாகப் பிரித்துச் சொல்கிறார். நிறத்துக்கு அங்கே இடமில்லை.

நிறத்துக்கென்று இருபதாம் நூற்றாண்டில் எழுந்த முக்கியமான வரிகள் பாரதியாருடையவை. 1915இல் 'ஞானபாநு' இதழில் வந்த பாப்பா பாட்டு பலருக்கும் தெரியும். ஆனால் நிறத்தைப் பாட வேண்டுமானால் 'முரசு' பாட்டுக்குத்தான் போக வேண்டும். வெள்ளைப் பூனை ஒன்று ஈன்ற குட்டிகள் ஆளுக்கொரு நிறமாய் இருக்கின்றன. எந்த நிறமானாலும் குட்டிகளுக்குள் ஏற்றத்தாழ்வு இல்லை என்று அந்தப் பகுதி சொல்கிறது. குழந்தைகளுக்கென எழுதப்பட்ட பாட்டு அன்று அது. ஆனாலும் நிறங்களை அடையாளம் காட்டவும் சாதியைப் பற்றிப் பேசத் தொடங்கவும் இதைவிட எளிய வழியை நான் கண்டதில்லை.

கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை (1876–1954) ஆசிரியராக இருந்தவர். பசுவும் கன்றும் வரும் அவருடைய பாட்டைப் பாடாத தமிழ்ப் பிள்ளை குறைவு. பசு வெள்ளை என்று தொடங்கினாலும் பாட்டு நிறத்தோடு நிற்பதில்லை. கன்று துள்ளுகிறது, தாய் நாவால் நக்குகிறது, கன்று பால் குடிக்கிறது. நிறம், அசைவு, தொடுஉணர்வு, சுவை எல்லாம் சில வரிகளுக்குள் வந்துவிடுகின்றன. எங்கள் பகுதியில் இதற்கு இன்னொரு சுவையும் உண்டு. காங்கேயம் இனத்துப் பசு மயிலை நிறத்தில் இருந்தாலும் அதன் கன்று பிறக்கும்போது செந்நிறமாக இருக்கும்; சில மாதங்கள் போன பிறகே நிறம் மாறும். மாட்டுக்கென்றே மயிலை, செவலை, காரி என்று தனி நிறச் சொற்களை வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளைகள், கன்று என்ன நிறம் என்று பாட்டின் நடுவே கேட்டுவிடுவார்கள்.

சுவைக்கும் மணத்துக்கும் யாழ்ப்பாணத்தைச் சொல்லாமல் விட முடியாது. நவாலியூர் சோமசுந்தரப் புலவர் (1878–1953) பாடிய ஆடிப்பிறப்புப் பாட்டு கூழும் கொழுக்கட்டையும் செய்யும் முறையையே பாட்டாக்கியது. வறுத்த பயறும் தேங்காயும் வெல்லமும் அதில் சேரும்போது படிப்பவருக்கு நாவூறும். கொங்கு நாட்டின் சில ஊர்களில் ஆடி முதல் நாள் தேங்காய்க்குள் வெல்லமும் பயறும் இட்டு நெருப்பில் சுடுவார்கள். அந்த வாசனைக்கு ஒரு பாட்டு, நான் கற்பித்த பாடப்புத்தகங்களில் ஒருமுறையும் வந்ததில்லை.

'குழந்தைக் கவிஞர்' அழ. வள்ளியப்பா (1922–1989) 1944இல் 'மலரும் உள்ளம்' தொகுதியை வெளியிட்டார். 1950இல் குழந்தை எழுத்தாளர் சங்கம் உருவாகக் காரணமாக இருந்தார். மாம்பழத்தைப் பற்றிய அவருடைய பாட்டில் தங்க நிறமும் தித்திப்பும் ஊர்ப் பெயரும் பங்குபோட்டுத் தின்னும் அழைப்பும் ஒன்றாக வரும். நிறம் அங்கேயும் பழத்தை விட்டு இறங்குவதில்லை. கொங்கு நாட்டிலிருந்து பெ. தூரன் (1908–1987) குழந்தைகளுக்காகப் பாடல்களும், பெற்றோருக்காகக் குழந்தை உளவியல் நூல்களும் எழுதினார். அவரை முதன்மை ஆசிரியராகக் கொண்டு பத்துத் தொகுதிகளாகக் குழந்தைகள் கலைக்களஞ்சியமும் வந்தது. இதுபோன்ற இணையத் தளங்களில் எழுதும் எங்களுக்கெல்லாம் அவர் மூத்தவர்.

இதற்கிடையே மரியா மாண்டிசோரி 1939இல் அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். நிறப் பலகைகள், சொரசொரப்பு அட்டைகள், மணக் குப்பிகள் என ஒவ்வொரு புலனையும் தனியே பழக்கும் முறை அவருடையது. முறை நல்லதுதான். ஆனால் அது பரவலாகி மலிந்தபோது, குப்பிகளும் சொரசொரப்பு அட்டைகளும் போய் நிறப் பட்டியல் மட்டும் பல மழலையர் பள்ளிகளில் மிஞ்சியது. சிவப்பு, நீலம், பச்சை என்று ஒப்பிக்கும் பாட்டுகள் அந்தப் பட்டியலிலிருந்து வந்தவை. ஆங்கிலத்தில்கூட நல்ல நிறப்பாட்டுகள் பட்டியலாக இருந்ததில்லை. கிறிஸ்டினா ரொசெட்டி 1872இல் வெளியிட்ட குழந்தைப் பாடல் தொகுப்பில், ஒவ்வொரு நிறத்தையும் கேள்வியாகக் கேட்டு, பூ, பழம், பறவை போன்ற ஒன்றை விடையாகக் காட்டினார். 1961இல் மேரி ஓ'நீல் என்ற அமெரிக்கர் இன்னும் மேலே போய், ஒரு நிறத்துக்கு என்ன மணம், என்ன ஓசை என்று முழுப் புத்தகமே எழுதினார்.

திருப்பூர் வெகுகாலம் வெள்ளை ஊர். 1920களில் தொடங்கிய பின்னல் தொழில் ஐம்பது ஆண்டுகள் பெரும்பாலும் வெள்ளைப் பனியனையே நம்பியிருந்தது. 1970களின் இறுதியில் வெளிநாட்டு ஏற்றுமதி தொடங்கியதும் நிறத் துணி வந்தது, அதோடு சாயப்பட்டறைகள் பெருகின. அந்நாளில் கைமடிக்கவும் பிசிர் வெட்டவும் போன சிறுவர்கள் நிறங்களைப் பாட்டில் கற்கவில்லை. மெரூன், நேவி, ராயல் புளூ என்று மூட்டை பிரித்துக் கற்றார்கள்.

1990களில் ஒருநாள் மூன்றாம் வகுப்பில் ஆற்றுப் பாட்டு ஒன்று நடத்தி முடித்து, ஆற்றுக்கு என்ன நிறம் என்று கேட்டேன். புத்தகப் படத்தில் நீலம். நொய்யல் கரையில் வீடிருந்த ஒரு பையன் எழுந்து, "இன்னைக்கு ஓடறதுங்களா டீச்சர், நேத்து ஓடுனதுங்களா?" என்றான். வகுப்பு சிரித்தது. நான் சிரிக்கவில்லை, அதைவிடத் தவறான ஒன்றைச் செய்தேன். அவன் நோட்டில் ஊதா நிறத்தில் வரைந்திருந்த ஆற்றைச் சிவப்பு மையால் அடித்துவிட்டு நீலத்தில் வரையச் சொன்னேன். அவன் கண்டதைத்தான் வரைந்திருந்தான். எந்தப் பட்டறையில் என்ன சாயம் ஓடுகிறது என்பதை அந்நாளில் ஆற்றைப் பார்த்தே சொல்லலாம்.

சாயக் கழிவு தேங்கிய ஒரத்துப்பாளையம் அணையும், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்ன ஆணையும், அதன்பின் வந்த கழிவுநீர் வெளியேற்றாத சுத்திகரிப்பும் தனிக் கட்டுரைக்கு உரியவை. பெரியவர்களின் இலக்கியத்தில் இந்த நிறத்துக்கு இடம் கிடைத்தது. சுப்ரபாரதிமணியனின் 'சாயத்திரை' நாவல் அதற்குச் சான்று. நான் நடத்திய குழந்தைப் பாட்டுகளில் மட்டும் ஆறு கடைசிவரை நீலமாகவே ஓடியது.

ஓய்வுக்கு முந்தைய ஆண்டுகளில் பிள்ளைகளையே கட்டிங் வேஸ்ட் துண்டுகள் கொண்டுவரச் சொன்னேன். கண்ணைக் கட்டிக்கொண்டு தொட்டுப் பார்த்தே இது ரிப், இது இன்டர்லாக், இது பிளீஸ் என்று சொன்னார்கள், என்னால் முடியவில்லை. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த குடும்பத்துப் பிள்ளைகள், தமிழ் தடுமாறியபோதும் இந்த விளையாட்டில் முந்தினார்கள். பிறகு ஒரு துண்டை எடுத்துக்கொண்டு, அதன் நிறம் எங்கே இருக்கிறது, எப்படி மணக்கிறது என்று நான்கு வரி எழுதச் சொன்னேன். பலர் வானம், கடல் என்று புத்தகத்தையே எழுதினார்கள். நீலத் துண்டு எடுத்த ஒரு சிறுமி அப்பாவின் விரல் நகத்தைப் பற்றி எழுதியிருந்தாள். எவ்வளவு சோப்புப் போட்டாலும் நகத்தின் நீலம் போகாதாம். ஞாயிற்றுக்கிழமை அந்தக் கையால் பிசைந்து ஊட்டும் பருப்புச் சோறு மட்டும் வெள்ளையாகவே இருக்குமாம்.